பத்து ஸ்டைல் தெரிந்தால் போதுமா? ஜாஸ் டிரம்மர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எதையும் வாசிக்கத் தெரிந்த டிரம்மர் என்று பெயர் வாங்க ஆசைப்படுபவர்கள் முதலில் செய்வது பேட்டர்ன், அதாவது ஒவ்வொரு ஸ்டைலுக்குமான தாள நடை, சேர்ப்பது. ஒரு வாரம் ஸ்விங், மறுவாரம் பாஸா நோவா, அப்புறம் ஃபங்க். மேடை ஏறியதும் கற்றதெல்லாம் ஒரே பாட்டில் கொட்டிவிடும்.

ஜாஸ் டிரம்மர் ஷெல்லி மேன் வாசித்ததைக் கேட்டால் விஷயம் வேறு என்று புரியும். 1920இல் நியூயார்க்கில் பிறந்து, ஸ்டான் கென்டனின் பெரிய பேண்டில் வாசித்து, பிறகு லாஸ் ஏஞ்சலிஸில் குடியேறியவர். 1956இல் ஆந்த்ரே பிரெவினின் பியானோவோடு 'மை ஃபேர் லேடி' நாடகப் பாடல்களை ஜாஸாக்கினார். அந்த ரிக்கார்டு விற்பனையில் சக்கைப்போடு போட்டது. மூன்றே வருடத்தில், பழைய இலக்கணத்தையெல்லாம் உதறிய சாக்ஸபோன் கலைஞர் ஆர்னெட் கோல்மனோடு ஒரு ரிக்கார்டு. நடுவே சினிமா ஸ்டுடியோ வேலை வேறு.

1957இல் சாக்ஸபோன் கலைஞர் சோனி ரோலின்ஸின் 'வே அவுட் வெஸ்ட்' ரிக்கார்டு. எல்லோருக்கும் வேறு வேலை இருந்ததால் அதிகாலை 3 மணிக்கு ரிக்கார்டிங். பியானோவே கிடையாது, சாக்ஸபோன், ரே பிரவுனின் பேஸ் (கீழ் சுருதித் தந்தி வாத்தியம்), டிரம்ஸ், அவ்வளவுதான். முதல் பாட்டு ஒரு கௌபாய் பாட்டு. மேன் அதை டக்... டக்... என்று குதிரைக் குளம்படி ஓசையில் ஆரம்பிக்கிறார். எந்த ஸ்டைல் புத்தகத்திலும் இல்லாத பேட்டர்ன் அது. அந்தப் பாட்டு கேட்டது, கொடுத்தார்.

அடுத்த தவறு வலது காலில். ராக் வாசித்துப் பழகிய கால், பெடலால் அடிக்கும் பெரிய டிரம்மான பேஸ் டிரம்மை உதைக்கும். ஸ்விங்கில் நாலு அடியையும் தொட்டும் தொடாமலும் வைக்க வேண்டும். காதில் விழக்கூடாது, உடம்பில் படவேண்டும். நானும் ரொம்ப நாள் உதைத்தவன்தான். பேஸ் வாசிப்பவரின் நோட் உங்களுக்குக் கேட்கவில்லையா? நீங்கள்தான் சத்தம் போடுகிறீர்கள்.

ஸ்டிக்குக்குப் பதில் மெல்லிய கம்பிக் கற்றையால் வாசிக்க உதவும் பிரஷ்ஷைப் பையிலேயே வைத்திருப்பது இன்னொன்று. முன்னால் இருக்கும் சின்ன டிரம்மான ஸ்னேரில் இடது கை வட்டமாகத் தேய்க்க, வலது கை தாளத்தைத் தட்டும். டிரம்மின் மேல் வழவழப்பான ஸ்கின் மாட்டிவிட்டு 'சத்தமே வரலையே' என்று குழம்பாதீர்கள். அதற்குச் சொரசொரப்பான ஸ்கின் வேண்டும்.

நொடேஷன், அதாவது எழுதிய இசைக் குறிப்பு, படிக்கச் சோம்பல்படுபவர்களுக்கு ஸ்டுடியோ வேலை கிடைப்பது கஷ்டம். இதில் பேச ஒன்றுமில்லை, படித்துத்தான் ஆகவேண்டும்.

கடைசியாக, மாதக்கணக்கில் சத்தமில்லாமல் பழகும் ரப்பர் தட்டான பிராக்டிஸ் பேடையே தட்டிக்கொண்டிருப்பது. விரல் ஓடும், காது வளராது. மேனுக்குக் கற்றுக்கொடுத்தவர் பில்லி கிளாட்ஸ்டோன், ரேடியோ சிட்டி மியூசிக் ஹாலின் டிரம்மர். முதல் பாடத்தில் டிரம்ஸை எப்படி அமைப்பது, ஸ்டிக்கை எப்படிப் பிடிப்பது என்று காட்டினார். பிறகு ஸ்விங் பேண்ட் தலைவர் கவுண்ட் பேஸியின் ரிக்கார்டு ஒன்றை ஓடவிட்டு, 'வாசி' என்று சொல்லிவிட்டு அறையை விட்டுப் போய்விட்டார்.