‘வந்ததும்’ என்பதை ஆங்கிலத்தில் எழுதுவது எப்படி: காலத் துணைவாக்கியங்களைப் பழகும் முறை

வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்தில், பட்டச் சான்றிதழ் இன்னும் கைக்கு வராத நிலையில், ‘வென் ஐ வில் கெட் தி சர்டிஃபிகேட், ஐ வில் சப்மிட் இட்’ என்று அலுவலகத்தில் எழுதிக் கொடுத்தேன். கடிதத்தை வாங்கிய மேலதிகாரி எதுவும் பேசாமல் முதல் ‘வில்’லை மட்டும் சிவப்பு மையால் சுழித்துவிட்டு, இரண்டாவதைத் தொடாமல் திருப்பித் தந்தார். இரண்டும் எதிர்காலத்தைத்தானே சொல்கின்றன, ஒன்று தவறென்றால் மற்றொன்று எப்படிச் சரியாகும் என்று அன்று எனக்கு விளங்கவில்லை. ‘கிடைக்கும்போது’ என்ற தமிழ்ச் சொல்லை அப்படியே தூக்கி ஆங்கிலத்தில் வைத்ததால் வந்த வினை அது என்பது வெகுநாள் கழித்தே தெரிந்தது.

ஒரு செயல் எப்போது நடந்தது, நடக்கும் என்பதைச் சொல்ல முதன்மை வாக்கியத்தோடு சேர்ந்து வரும் துணைவாக்கியத்தையே ஆங்கில இலக்கணம் டைம் கிளாஸ் என்கிறது. தமிழில் இந்த வேலையை எச்சங்கள் செய்கின்றன: வந்தபோது, வந்ததும், வந்த பிறகு, வருவதற்கு முன், வரும்வரை. தொல்காப்பியம் வினையியலில் பின், முன், கால், கடை, வழி, இடத்து ஆகியவற்றைக் காலம் குறித்து வரும் சொற்களாகவே எடுத்துச் சொல்லியிருப்பதால், இந்தக் கருத்து நமக்குப் புதியதன்று. ஆங்கிலத்தில் அந்த இடத்தில் எச்சம் வராமல், எழுவாயும் காலம் காட்டும் முற்றுவினையும் கொண்ட முழு வாக்கியம் வருகிறது. அதன் தலையில் வென், வைல், ஆஃப்டர், பிஃபோர், அன்டில், சின்ஸ், ஆஸ் சூன் ஆஸ் போன்ற இணைப்புச் சொல் ஒன்று நிற்கிறது. ஆகவே தமிழில் வினையின் வாலில் ஒட்டியிருக்கும் ‘போது’, ‘பிறகு’, ‘வரை’ ஆகியவற்றைக் கழற்றி முன்னால் கொண்டுபோய் வைப்பதும், எச்சத்தை முற்றாக மாற்றுவதுமே முதல் வேலை.

மாற்றும்போது எந்தக் காலத்தில் மாற்றுவது என்பதில்தான் பெரும்பாலானோர் தடுக்குகிறார்கள். ‘ஊருக்குப் போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணு’ என்று சொல்கிறோம். போய்ச் சேர்வது இனிமேல்தான். ஆனாலும் ‘சேர்ந்ததும்’ என்று இறந்தகால வடிவத்தில் வருகிறது. ‘அவர் வருவதற்கு முன் நான் கிளம்பிவிட்டேன்’ என்பதில் எல்லாம் முடிந்துபோன கதை. ஆனாலும் ‘வருவதற்கு’ என்று எதிர்கால வடிவம் நிற்கிறது. தமிழ் எச்சம் கடிகாரத்தைப் பார்ப்பதில்லை, முதன்மை வினையைப் பார்க்கிறது: பெரும்பாலும், அந்த வினைக்கு முன்பே முடிவதானால் இறந்தகால வடிவம், முடியாததானால் எதிர்கால வடிவம். ஆங்கிலம் இப்படிக் கணக்குப் போடுவதில்லை. முதன்மை வாக்கியம் நடந்து முடிந்ததைச் சொன்னால் துணைவாக்கியமும் இறந்தகாலத்தில் நிற்கும்; முதன்மை வாக்கியம் இனி நடப்பதைச் சொன்னால் துணைவாக்கியம் நிகழ்காலத்தில் நிற்கும். எனவே தமிழ் வினையின் வடிவத்தை நம்பாமல், முதன்மை வினை எந்தக் காலம் என்று மட்டும் பார்க்க வேண்டும்.

இப்போது என் கடிதத்துக்கு வருவோம். சமர்ப்பிப்பது இனிமேல், ஆகவே அங்கே ‘வில்’ இருக்கலாம். கிடைப்பது அந்தச் செயலுக்கான நேரத்தைக் குறிக்கும் துணைவாக்கியம். ஆகவே ‘வென் ஐ கெட் தி சர்டிஃபிகேட், ஐ வில் சப்மிட் இட்’ என்றே வர வேண்டும். ஒரு செயல் முழுதாக முடிந்த பிறகே அடுத்தது என்று அழுத்த விரும்பினால், ‘ஆஃப்டர் ஐ ஹேவ் ஃபினிஷ்ட் தி வொர்க், ஐ வில் கால் யூ’ என்று எழுதலாம்; அங்கேயும் ‘வில்’ நுழைவதில்லை.

இந்த விதியைப் படித்த மறுநாளே பலர் எதிர்த்திசையில் தவறு செய்கிறார்கள். ‘ஐ டோன்ட் நோ வென் ஹி வில் கம்’ என்ற சரியான வாக்கியத்திலும் ‘வில்’லை அடித்துவிடுகிறார்கள். அங்கே உள்ள ‘வென்’ நேரத்தைக் குறிக்கும் இணைப்பன்று, கேள்விச் சொல். இதைப் பிரித்தறியத் தமிழே கைகொடுக்கிறது. வாக்கியத்தைத் தமிழில் சொல்லிப் பாருங்கள்: ‘எப்போது வருவார் என்று தெரியவில்லை’ என்று ‘எப்போது’ வந்தால் ‘வில்’ இருக்கட்டும், ‘வரும்போது சொல்கிறேன்’ என்று வெறும் ‘போது’ வந்தால் ‘வில்’லை நீக்கிவிடுங்கள். நான் அறிந்தவரை இதைவிட எளிய சோதனை இல்லை.

இறந்தகாலக் கதை சொல்லும்போது ‘வைல்’ என்ற சொல்லில் கவனம் தேவை. ‘நான் சமைத்துக்கொண்டிருக்கும்போது போன் வந்தது’ என்பதை ‘வைல் ஐ ஆம் குக்கிங்’ என்று தொடங்குவது, ‘இருக்கும்’ என்ற வடிவத்தைப் பார்த்து ஏமாறுவதாகும். போன் வந்தது நேற்று என்பதால் ‘வைல் ஐ வாஸ் குக்கிங், தி ஃபோன் ராங்’ என்பதே சரி. ‘ட்யூரிங்’ என்ற சொல்லும் இதே பொருளைத் தரும் என்றாலும், அதன் பின்னால் பெயர்ச்சொல் மட்டுமே வரும்: ‘ட்யூரிங் தி மீட்டிங்’ சரி, ‘ட்யூரிங் ஐ வாஸ் குக்கிங்’ தவறு.

‘வென்’ வரும் இடத்தில் முதன்மை வினையின் சிறு மாற்றம்கூடச் செய்தியையே மாற்றிவிடும். ‘வென் ஐ ரீச்ட் தி ஸ்டேஷன், தி ட்ரெயின் லெஃப்ட்’ என்றால், நான் நடைமேடையில் கால் வைத்த நேரத்தில் ரயில் நகர்ந்தது. கடைசிப் பெட்டியையாவது பார்த்திருப்பேன். ‘தி ட்ரெயின் ஹேட் லெஃப்ட்’ என்றால், நான் போவதற்கு முன்பே புறப்பட்டுவிட்டது; பார்த்தது வெறும் தண்டவாளத்தைத்தான். ‘டாக்டர் வருவதற்கு முன் நோயாளி இறந்துவிட்டார்’ என்ற எடுத்துக்காட்டைக் கொண்டு ‘ஹேட்’ சொல்லித்தரும் வழக்கம் நம் வகுப்பறைகளில் இன்னும் இருக்கிறது. நோயாளி பாவம் என்பது ஒருபுறமிருக்க, அது நல்ல எடுத்துக்காட்டும் அன்று. ‘பிஃபோர்’, ‘ஆஃப்டர்’ என்ற சொற்களே எது முன், எது பின் என்று சொல்லிவிடுவதால் அங்கே ‘ஹேட்’ இல்லாவிட்டாலும் பொருள் கெடாது. ‘வென்’னுக்குத்தான் அது உண்மையில் தேவைப்படுகிறது.

‘அவர் வராத வரை நான் கிளம்பமாட்டேன்’ என்பதில் இரண்டு எதிர்மறைகள் இருப்பதால், ‘அன்டில் ஹி டஸ்ன்ட் கம்’ என்று எழுதத் தோன்றும். ‘அன்டில்’ என்பது ‘வரும்வரை’ என்பதற்கு மட்டுமே ஈடு. ஆகவே முதலில் தமிழ் வாக்கியத்தை ‘அவர் வரும்வரை கிளம்பமாட்டேன்’ என்று மாற்றிக்கொண்டு, ‘ஐ வோன்ட் லீவ் அன்டில் ஹி கம்ஸ்’ என்று எழுத வேண்டும். ‘வருவதற்குள்’ என்பது வேறு; அதற்குப் ‘பை தி டைம் ஹி கம்ஸ்’ என்று வரும். ‘பை ஃபைவ்’ என்றால் 5 மணிக்குள் என்று பொருள் தரும் என்பதற்காகப் ‘பை ஹி கம்ஸ்’ என்று எழுத முடியாது.

‘சின்ஸ்’ நம்மவர்களை அதிகம் காட்டிக்கொடுக்கும் சொல். ‘இங்கே வந்ததிலிருந்து இந்த வேலையைத்தான் செய்கிறேன்’ என்று தமிழில் நிகழ்காலத்தில் சொல்வதால், ‘சின்ஸ் ஐ கேம் ஹியர், ஐ ஆம் டூயிங் திஸ் வொர்க்’ என்று எழுதிவிடுகிறோம். தொடங்கிய இடம் இறந்தகாலத்தில் இருந்து, செயல் இன்றுவரை நீளும்போது, ஆங்கிலம் முதன்மை வாக்கியத்தில் ‘ஹேவ் பீன் டூயிங்’ என்ற வடிவத்தைக் கேட்கிறது. தொடங்கிய புள்ளிக்குச் ‘சின்ஸ்’, நீண்ட அளவுக்கு ‘ஃபார்’: 2019 முதல் என்றால் ‘சின்ஸ் 2019’, 3 ஆண்டுகளாக என்றால் ‘ஃபார் த்ரீ இயர்ஸ்’. ‘சின்ஸ் த்ரீ இயர்ஸ்’ என்பது நம் அலுவலகங்களில் காதுக்குப் பழகிப்போய்விட்டது. நேர்முகத் தேர்வில் மட்டும் அது உறுத்தும்.

துணைவாக்கியத்துக்கும் முதன்மை வாக்கியத்துக்கும் எழுவாய் ஒன்றே என்றால், ‘ஆஃப்டர் ஈட்டிங், ஐ வென்ட் அவுட்’ என்று சுருக்கிக்கொள்ளலாம். எழுவாய் வேறானால் கூடாது. ‘ஆஃப்டர் ஈட்டிங், தி பஸ் கேம்’ என்று எழுதினால் பஸ் சாப்பிட்டுவிட்டு வந்ததாகிவிடும். ‘சாப்பிட்ட பிறகு பஸ் வந்தது’ என்று தமிழில் சொல்லலாமே என்று கேட்கலாம். ஆனால் ‘சாப்பிட்டுவிட்டு பஸ் வந்தது’ என்று யாரும் சொல்வதில்லை. ஆங்கிலத்தின் அந்தச் சுருக்கம் நம் ‘சாப்பிட்டுவிட்டு’ போன்றது என்று நினைவில் வைத்தால் தவறு வராது.

‘அப்பா வந்தா சொல்லு’ என்ற பேச்சு வழக்கில் வருவது உறுதியா, ஐயமா என்பது சூழலால்தான் தெரியும். ஆங்கிலத்தில் அதை முடிவு செய்தாக வேண்டும்: மாலையில் எப்படியும் வருவார் என்றால் ‘வென்’, வந்தாலும் வருவார் என்றால் ‘இஃப்’. துணைவாக்கியம் முன்னால் வந்தால் அதன்பின் காற்புள்ளி இட வேண்டும். பின்னால் வந்தால் பெரும்பாலும் தேவையில்லை.

பழகுவதற்கு, தினமும் வீட்டில் பேசிய ஐந்து வாக்கியங்களை ஒரு நோட்டில் தமிழிலேயே எழுதி, முதன்மை வினையின் கீழ்க் கோடிட்டு, பிறகு ஆங்கிலத்துக்குக் கொண்டுபோங்கள். ‘பால் பொங்கினதும் அடுப்பை அணை’ என்பதில் கோடு ‘அணை’யின் கீழ் விழும், அது ஏவல், இனி நடக்க வேண்டியது, ஆகவே துணைவாக்கியம் நிகழ்காலம்: ‘டர்ன் ஆஃப் தி ஸ்டவ் ஆஸ் சூன் ஆஸ் தி மில்க் பாய்ல்ஸ்’. ‘பால் பொங்கினதும் அடுப்பை அணைத்தேன்’ என்பதில் கோட்டின் மேல் இறந்தகாலம் இருக்கிறது. ‘பாய்ல்ஸ்’ இப்போது ‘பாய்ல்ட்’ ஆகும். தமிழில் ‘பொங்கினதும்’ இரண்டு இடத்திலும் மாறாமல் நிற்பதை அருகருகே எழுதிப் பாருங்கள்.