டவுன்ஹில் பந்தயம் பற்றி எழுத வருகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் எங்கும் பனிமலை கிடையாது. தளி, தேன்கனிக்கோட்டை பக்கம் மார்கழியில் நன்றாகக் குளிரும், அவ்வளவுதான். ஆனாலும் இங்கே நாங்கள் சில பேர் ஆண்களுக்கான டவுன்ஹில், அதாவது பனிமலை உச்சியிலிருந்து அடிவாரம் வரை முழு வேகத்தில் இறங்கும் பனிச்சறுக்குப் பந்தயங்களை விடாமல் பார்த்து, தமிழில் குறிப்பு எழுதிப் பகிர்ந்துகொண்டு வருகிறோம். ஐரோப்பாவில் காலை பதினொன்றரைக்குத் தொடங்கும் பந்தயம் நமக்கு மாலை 4 மணிக்கு வருகிறது. கல்லூரி விட்டு வருகிற பிள்ளைகளுக்கு வசதியான நேரம்.

மிலான்-கோர்ட்டினா ஒலிம்பிக்கை ஒட்டி காவேரிப்பட்டினம், பர்கூர், தருமபுரி என்று பல ஊர்களிலிருந்து புதிதாகச் சிலர் எழுத வந்தார்கள். ஆர்வத்துக்குக் குறைவில்லை. ஆனால் நாங்கள் தொடக்கத்தில் எங்கெல்லாம் சறுக்கினோமோ, சரியாக அதே இடங்களில் இவர்களும் சறுக்குகிறார்கள். பெயரைத் தப்பாக எழுதுவது, கொடியை மாற்றிப் போடுவது போன்றவற்றை இங்கே சொல்லப்போவதில்லை. அவை தானாகவே சரியாகிவிடும். தானாகச் சரியாகாதவை மட்டும் கீழே.

ஒரு வருட நேரத்தை இன்னொரு வருடத்தோடு ஒப்பிடுவது

2014 சோச்சி ஒலிம்பிக்கில் மத்தியாஸ் மேயர் 2 நிமிடம் 6.23 விநாடியில் தங்கம் வென்றார். 2018 பியோங்சாங் ஒலிம்பிக்கில் அக்செல் லுண்ட் ஸ்விண்டால் எடுத்துக்கொண்ட நேரம் 1 நிமிடம் 40.25 விநாடி. இதை வைத்து “நாலே ஆண்டில் 26 விநாடி முன்னேற்றம்” என்று ஒரு தம்பி எழுதிக்கொண்டு வந்தார். முன்னேற்றம் எதுவும் இல்லை. அது வேறு மலை, வேறு நீளம், வேறு பனி. உச்சிக்கும் அடிவாரத்துக்கும் உள்ள உயர வித்தியாசம்கூடத் தடத்துக்குத் தடம் மாறும். சுவிட்சர்லாந்தின் வெங்கனில் உள்ள லாபர்ஹார்ன் தடம் சுமார் நாலரை கிலோமீட்டர், ஓடி முடிக்க இரண்டரை நிமிடம் ஆகும். ஆஸ்திரியாவின் கிட்ஸ்பியூல் தடம் அதைவிட ஒரு கிலோமீட்டருக்கு மேல் குறைவு, ஆனால் ஆளை நடுங்க வைப்பது அதுதான். ஒரே தடத்தில்கூட நேற்றைய பனியும் இன்றைய பனியும் ஒன்றில்லை. அன்றைக்கு அந்தத் தடத்தில் இறங்கியவர்களோடு மட்டும் ஒப்பிடுங்கள்.

எல்லோரும் இறங்கி முடிக்கும் முன் தங்கத்தைக் கொடுத்துவிடுவது

இது ஒன்றுக்காகத்தான் இந்தக் குறிப்பை எழுத உட்கார்ந்தேன். எத்தனை முறை சொன்னாலும் தொடர்கிற தவறு இது. இன்றும் பார்த்தால் எரிச்சல் வருகிறது.

டவுன்ஹில்லில் ஒரே ஓட்டம்தான். ஒருவர் பின் ஒருவராக இறங்குவார்கள், யாருடைய நேரம் குறைவோ அவருக்குத் தங்கம். இறங்கும் வரிசைப்படி ஒவ்வொருவருக்கும் ஓர் எண் உண்டு. முன்னணி வீரர்கள் பெரும்பாலும் முதல் இருபது எண்களுக்குள் இறங்கி முடித்துவிடுவார்கள். அதன் பிறகு திரையில் உற்சாகம் குறையும். முதலிடத்தில் இருப்பவரின் முகத்தையே கேமரா காட்டும், பக்கத்தில் இருப்பவர்கள் கைகொடுப்பார்கள், வர்ணனையாளர் பழைய கதை பேச ஆரம்பிப்பார். புதிதாக எழுதுகிறவர் இதைப் பார்த்துவிட்டு “தங்கம் வென்றார்” என்று தட்டிவிடுவார். மலை உச்சியில் இன்னும் ஆட்கள் நிற்கிறார்கள் என்பது மறந்துபோகும்.

2006 டூரின் ஒலிம்பிக்கை எடுத்துக்கொள்ளுங்கள். ஆஸ்திரியாவின் மிக்கேல் வால்ஹோஃபர் முன்னணியில் இருந்தார். பெரிய பெயர்கள் எல்லாம் இறங்கியாயிற்று. அப்புறம் 30ஆம் எண்ணோடு பிரான்சின் அந்துவான் டெனெரியாஸ் வந்தார். முக்கால் விநாடிக்குச் சற்றே குறைவாக, 0.72 விநாடி வித்தியாசத்தில் தங்கத்தைக் கொண்டுபோனார். இந்த விளையாட்டில் 0.72 எவ்வளவு பெரிய இடைவெளி என்பதற்கு 2010 வான்கூவர் பந்தயத்தைப் பாருங்கள்: டிடியே டிஃபாகோ, ஸ்விண்டால், போடி மில்லர் மூவரும் 0.09 விநாடிக்குள் முடித்தார்கள். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் 0.09 விநாடி என்றால் இரண்டரை மீட்டர். அப்படிப்பட்ட பந்தயத்தில், ‘இனி வருகிறவர்கள் யாரும் எட்டமாட்டார்கள்’ என்று நீங்கள் எந்தத் தைரியத்தில் எழுதுகிறீர்கள்?

2018 ஒலிம்பிக்கில் நடந்தது இன்னும் மோசம். அது பெண்களுக்கான சூப்பர்-ஜி, டவுன்ஹில்லுக்கு அடுத்த வேகப் போட்டி. ஆஸ்திரியாவின் அன்னா ஃபைட் முதலிடத்தில் இருந்தார். 2014இலும் அவர்தான் சாம்பியன். எங்கள் குழுவில் ஒருவர் “பட்டத்தைத் தக்கவைத்தார் ஃபைட்” என்று தலைப்புப் போட்டு அனுப்பிவிட்டு, மண்டியில் வேலை இருக்கிறது என்று கிளம்பிவிட்டார். 26ஆம் எண்ணோடு செக் குடியரசின் எஸ்தர் லெடெட்ஸ்கா இறங்கினார். ஸ்னோபோர்டு வீராங்கனை என்றே அறியப்பட்டவர், அமெரிக்க வீராங்கனை மிக்கேலா ஷிஃப்ரின் பயன்படுத்திய ஸ்கீயை (சறுக்குப் பலகையை) வாங்கிக்கொண்டு வந்தவர். 0.01 விநாடியில் ஃபைட்டை முந்தினார். அவராலேயே நம்ப முடியாமல் நேரம் காட்டும் பலகையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அதற்குள் நம்மவர் எழுதியது வேறு இரண்டு குழுக்களுக்குப் போய்விட்டது. திருத்தம் அனுப்பினோம். ஆனால் திருத்தத்தை யார் பகிர்கிறார்கள்? அந்தத் தப்பான வரி பல நாள் கழித்தும் எங்களிடமே திரும்பி வந்தது. அன்றைக்குப் பெரிய தொலைக்காட்சிகளும் இதே அவசரத்தில் மாட்டிக்கொண்டன என்று சமாதானம் சொன்னார்கள். அவர்கள் செய்தால் நாமும் செய்யலாமா?

எனக்குக் கோபம் வருவதற்குக் காரணம் உண்டு. இந்தப் பிள்ளைகளுக்கு இது தெரியாத விஷயமே இல்லை. பொங்கல் கழிந்தால் நம் கிராமங்களில் எருது விடும் விழா. காளைகளை ஒவ்வொன்றாக விடுகிறோம், குறிப்பிட்ட தூரத்தைக் குறைந்த விநாடியில் கடந்த காளைக்குப் பரிசு. பத்தாவது காளை நன்றாக ஓடிவிட்டது என்பதற்காக யாராவது பரிசைத் தூக்கிக் கொடுப்பார்களா? கடைசிக் காளை கோட்டைத் தாண்டும் வரை மாட்டுக்காரர்கள் விநாடிக் கணக்கைப் பார்த்துக்கொண்டே நிற்பார்கள். பேர் தெரியாத ஊரிலிருந்து வந்த காளை முதல் பரிசை அடித்துக்கொண்டு போவதை இவர்களே நேரில் பார்த்திருக்கிறார்கள். அந்தப் பொறுமையை டவுன்ஹில்லுக்கும் கொடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

பின்னால் வருகிறவர் முந்துவது வெறும் அதிர்ஷ்டமும் இல்லை. தடம் நாள் முழுவதும் ஒரே மாதிரி இருக்காது. பனி பெய்துகொண்டிருந்தால் முதலில் இறங்குகிறவர்கள் புதுப்பனியை ஒதுக்கி வழி செய்து கொடுக்கிறார்கள், பின்னால் வருகிறவருக்கு லாபம். மேகம் மூடியிருந்து திடீரென வெயில் வந்தால் மேடு பள்ளம் தெளிவாகத் தெரியும், தயங்காமல் இறங்கலாம். எதிர்க்காற்று நின்றுவிட்டாலே போதும். இதற்கு நேர்மாறும் உண்டு. வெயிலில் பனி இளகி, திருப்பங்களில் குழி விழுந்துவிட்டால் பின்னால் வருகிறவர் பாடு திண்டாட்டம். தண்ணீர் செலுத்தி உறையவைத்துக் கட்டியாக்கிய தடமாக இருந்தால் அது நீண்ட நேரம் தாங்கும்.

அதனால் ஒரு வழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். இருபதுக்கு மேல் எண் உள்ளவர்களின் முதல் இரண்டு இடைநேரங்களை, அதாவது தடத்தின் நடுவே குறிப்பிட்ட இடங்களில் அளக்கும் நேரங்களைக் கவனியுங்கள். அதிகம் பேர் அறியாத வீரர்கள்கூட முன்னணி நேரத்துக்கு 0.2, 0.3 விநாடி அருகே வருகிறார்கள் என்றால் தடம் வேகமாகிக்கொண்டிருக்கிறது. அன்றைக்குப் பேனாவை மூடக் கூடாது. எல்லோரும் ஒன்றரை, இரண்டு விநாடி பின்தங்கினால் முடிவு மாறுவதற்கு வாய்ப்பு குறைவு. அப்போதும் “இதுவரை முதலிடம்” என்று மட்டும் எழுதுங்கள். கடைசி வீரர் இறங்கிய பிறகும் வேலை முடிவதில்லை. யாராவது கேட்டை, அதாவது தடத்தில் நட்ட கம்பங்களுக்கு நடுவே கடக்க வேண்டிய வழியைத் தவறவிட்டாரா என்று நடுவர்கள் பார்ப்பார்கள், கருவிகளைச் சோதிப்பார்கள். அதிகாரப்பூர்வ முடிவு என்று ஒன்று வெளியாகும். அது வந்த பிறகு “வென்றார்”. அரை மணி நேரம் தாமதமானதால் எந்த வாசகரும் நம்மை விட்டுப் போனதில்லை.

இடைநேரத்தைத் தீர்ப்பாகப் படிப்பது

முன்னணி நேரத்தைவிடப் பின்னால் இருக்கிறார் என்று காட்டும் சிவப்பு எண் திரையில் வந்தவுடன் “பின்தங்கினார், வாய்ப்பு போச்சு” என்று எழுதாதீர்கள். 1976 இன்ஸ்ப்ரூக் ஒலிம்பிக்கில் சுவிஸ் வீரர் பெர்ன்ஹார்ட் ரூஸி முன்னணியில் இருக்க, 15ஆம் எண்ணில் மஞ்சள் உடையோடு ஆஸ்திரியாவின் ஃபிரான்ஸ் கிளாமர் இறங்கினார். நடுத் தடத்தில் அவர் ரூஸியைவிடப் பின்னால்தான் இருந்தார். கடைசிப் பகுதியில் அத்தனையையும் மீட்டு 0.33 விநாடி வித்தியாசத்தில் தங்கம் வென்றார். சொந்த நாட்டுக் கூட்டத்துக்கு முன்னால், விழாமல் எப்படித் தப்பினார் என்று இன்றும் பேசப்படும் ஓட்டம் அது. ஒருவர் மேல்பகுதியில் பலசாலியாக இருப்பார், இன்னொருவர் சமதளத்தில் சறுக்குவதில் கெட்டிக்காரர். தடத்தின் எந்தப் பகுதி யாருக்குச் சாதகம் என்று தெரிந்துகொண்டு இடைநேரத்தைப் படித்தால்தான் அது பேசும்.

அதிக வேகம் போனவரே சிறந்தவர் என்று நினைப்பது

2013இல் வெங்கனில் பிரான்சின் யோஹான் கிளாரே மணிக்கு 161.9 கிலோமீட்டர் வேகத்தில் போனார். உலகக் கோப்பை டவுன்ஹில்லில் பதிவான உச்ச வேகம் என்று சொல்லப்படுவது அது. அன்றைய வெற்றியாளர் கிறிஸ்டோஃப் இன்னர்ஹோஃபர். வேகமானி ஒரே ஒரு இடத்தைத்தான் அளக்கிறது. பந்தயத்தின் முடிவைப் பெரும்பாலும் எழுதுவது திருப்பத்திலிருந்து வெளியே வரும் விதம். அங்கே கொஞ்சம் வேகம் இழந்தால், அடுத்த சமதளம் முழுக்க அந்த நஷ்டம் கூடவே வரும். அதே கிளாரே 2022 பெய்ஜிங்கில் 41 வயதில் வெள்ளி வென்றார், தங்கம் வென்ற பியட் ஃபொய்ட்ஸுக்கு 0.10 விநாடி பின்னால். ஆல்பைன் சறுக்கில் ஒலிம்பிக் பதக்கம் வென்றவர்களில் அவ்வளவு வயதானவர் அதற்கு முன் யாரும் இல்லை. எழுதுவதற்கு வேக எண்ணைவிட அது பெரிய செய்தி.

பயிற்சி ஓட்டத்தை வைத்து ஜோசியம்

வேண்டாம். பயிற்சியில் பலர் முடிவுக்கு முன்பே குனிந்த நிலையிலிருந்து நிமிர்ந்து வேகத்தைக் குறைத்துவிடுவார்கள்.

உலகக் கோப்பை, உலக சாம்பியன்ஷிப், ஒலிம்பிக் மூன்றையும் குழப்புவது

கிரிக்கெட் பார்த்துப் பழகியவர்களுக்கு இது சுலபமாக வரும் குழப்பம். இங்கே உலகக் கோப்பை என்பது ஒரு சீசன் முழுக்க நடக்கும் தொடர். ஒவ்வொரு பந்தயத்திலும் வென்றவருக்கு 100 புள்ளி, இரண்டாமவருக்கு 80, மூன்றாமவருக்கு 60 என்று முப்பதாம் இடம் வரை இறங்கிக்கொண்டே போகும். சீசன் முடிவில் டவுன்ஹில்லில் அதிகப் புள்ளி எடுத்தவருக்குச் சிறிய பளிங்கு உருண்டை, எல்லாப் பிரிவும் சேர்த்து முந்தியவருக்குப் பெரியது. கிட்ஸ்பியூலில் ஒரு சனிக்கிழமை வென்றவரை “உலகக் கோப்பையை வென்றார்” என்று எழுதினால் தப்பு. ‘உலகக் கோப்பைப் பந்தயம் ஒன்றில் வென்றார்’ என்பதுதான் சரி. உலக சாம்பியன்ஷிப் ஒற்றைப்படை ஆண்டுகளில் தனியாக நடப்பது. 2025 சால்பாக்கில் ஃப்ரான்யோ வான் ஆல்மென் வென்றது அதை.

இந்திய வீரர்

இந்தியாவின் ஆரிஃப் கானை டவுன்ஹில் வீரர் என்று எழுதாதீர்கள். 2022 பெய்ஜிங்கில் அவர் இறங்கியது கம்பங்களைச் சுற்றி வளைந்து வளைந்து இறங்கும் ஸ்லாலம், ஜயண்ட் ஸ்லாலம் பிரிவுகளில். டவுன்ஹில்லில் இந்தியப் பெயர் வேண்டுமென்றால் 1964 இன்ஸ்ப்ரூக்குக்குப் போங்கள்: ஜெரமி புஜகோவ்ஸ்கி.

விழுந்தவரைப் பற்றி அவசரப்படுவது

1998 நாகானோ டவுன்ஹில்லில் ஹெர்மன் மேயர் காற்றில் தூக்கி எறியப்பட்டு, வலைகளைத் தாண்டிப் போய் விழுந்தார். பார்த்தவர்கள் பலரும் அவருடைய கதை முடிந்தது என்றுதான் நினைத்தார்கள். மூன்று நாளில் சூப்பர்-ஜி தங்கம், அடுத்த மூன்று நாளில் ஜயண்ட் ஸ்லாலம் தங்கம். மறுபக்கமும் உண்டு. பார்க்கச் சாதாரணமாகத் தெரிந்த விழுகை சீசனையே முடித்துவிடும். 2017இல் பிரான்சின் டேவிட் புவாஸோன் பயிற்சியின்போது இறந்தே போனார். அதனால் ஒருவர் விழுந்தால் எந்த இடத்தில் விழுந்தார், எழுந்து நின்றாரா, ஹெலிகாப்டர் வந்ததா, பந்தயம் நிறுத்தப்பட்டதா என்று கண்ணால் பார்த்ததை மட்டும் எழுதுங்கள். முழங்காலா, முதுகா என்று ஊகிக்காதீர்கள். அவருடைய அணி சொல்லும்வரை காத்திருங்கள். விழுகிற காட்சியை வெட்டி ஒட்டிப் பரப்புவதை எங்கள் குழுவில் அடியோடு நிறுத்திவிட்டோம். சேர வருகிறவர்களிடம் முதலில் சொல்வதும் இதைத்தான்.

தேதி

2018 ஒலிம்பிக்கில் காற்றால் 11ஆம் தேதி டவுன்ஹில் பந்தயம் 15க்குப் போனது, 2022 ஒலிம்பிக்கில் 6ஆம் தேதிப் பந்தயம் 7க்குப் போனது. அட்டவணையைப் பார்த்து முந்தைய நாளே குறிப்பு தயாரித்து வைப்பவர்கள், அனுப்பும் முன் பந்தயம் நடந்ததா என்று ஒருமுறை பாருங்கள்.