அவையை அறிந்தால் அச்சம் குறையும்: மேடையில் பேசப் பழகுவோருக்கு

“வரும் ஞாயிற்றுக்கிழமை விழாவில் நீங்கள் பத்து நிமிடம் பேச வேண்டும்” என்று யாரேனும் சொன்ன நொடியிலிருந்தே நம்மில் பலருக்கு அடிவயிறு கலங்கத் தொடங்கிவிடுகிறது. விஷயம் தெரியாதவர்களுக்கு மட்டும் இப்படி நேர்வதில்லை. முப்பது ஆண்டுகள் வகுப்பறையில் தடங்கலின்றிப் பாடம் நடத்திய ஆசிரியர் ஒருவர், தம் பணிநிறைவு விழாவில் ஏற்புரை வழங்க எழுந்து, இரண்டு வாக்கியங்களுக்கு மேல் பேச இயலாமல் அமர்ந்துவிட்டதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். அவரிடம் சொல்லுக்குப் பஞ்சமில்லை. வகுப்பில் எதிரே இருந்த பிள்ளைகளை அவர் அறிவார். அன்று எதிரே இருந்த அவையை அவர் அறிந்திருக்கவில்லை.

திருக்குறளில் ‘அவையறிதல்’ 72-ஆவது அதிகாரம். ‘அவையஞ்சாமை’ அதற்கு அடுத்த 73-ஆவது அதிகாரம். பேசப் பழகுவோருக்கு இந்த வரிசையே ஒரு பாடத்திட்டம் என்பது என் உறுதியான எண்ணம். நாம் பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்கிறோம். முதலில் அச்சத்தைப் போக்க வழி தேடுகிறோம். கேட்பவர் யார் என்பதை மேடை ஏறிய பிறகுதான் பார்க்கிறோம்.

ஆகவே, பேச ஒப்புக்கொண்ட அன்றே விழாவை நடத்துபவரிடம் சில செய்திகளைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வருபவர்கள் யார், ஏறத்தாழ எத்தனை பேர், உங்களுக்கு முன்னும் பின்னும் பேசுபவர்கள் யார், உங்களுக்கு உரிய நேரம் எவ்வளவு, அது மதிய உணவுக்கு முன்பா பின்பா, நின்று பேச மேசை உண்டா, மைக் கையில் பிடிப்பதா தாங்கியில் இருப்பதா என்பவையெல்லாம் அற்பமான கேள்விகள் அல்ல. உங்களுக்கு முன் நால்வர் பேசுகிறார்கள் என்றால், விழா நாயகரின் பிறந்த ஊரும் படித்த பள்ளியும் நீங்கள் எழுவதற்குள் நான்கு முறை சொல்லப்பட்டிருக்கும். அதை ஐந்தாம் முறையாகச் சொல்லத் தயாரித்துக்கொண்டு போனவருக்கு, முறை வரும்போது கையில் எதுவும் மிஞ்சாது. இயன்றால் விழா தொடங்குவதற்கு அரை மணி நேரம் முன்னதாகவே போய், காலியாக இருக்கும் மேடையில் ஒருமுறை ஏறி நின்று பாருங்கள். முன்வரிசையில் வந்து அமர்ந்திருப்பவர்களிடம் போய் நலம் விசாரியுங்கள். பேச எழும்போது அந்த நான்கைந்து முகங்களாவது உங்களுக்கு அறிமுகமான முகங்களாக இருக்கும்.

கூட்டத்தில் தமிழில் சொற்பொழிவு ஆற்றுவது நம்மிடையே வளர்த்தெடுக்கப்பட்ட ஒரு கலை. யாழ்ப்பாணத்து வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் ஆறுமுக நாவலர் தம் பிரசங்கங்களைத் தொடங்கியது 1847-இல். அரசியல் கூட்டங்களோ அதன் பிறகும் நெடுங்காலம் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே நடந்தன. 1908-இல் தூத்துக்குடி கோரல் ஆலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, வ.உ.சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் அவர்களுக்கு விளங்கும் தமிழில், அவர்களுடைய கூலியையும் வார விடுமுறையையும் பற்றிப் பேசினார்கள். சுதேசியம் என்ற பெரிய கருத்தை ஆலைத் தொழிலாளியின் அன்றாடத்தோடு சேர்த்துச் சொன்னதில்தான் அந்தப் பேச்சின் வலிமை இருந்தது. அந்த ஆண்டிலேயே இருவருக்கும் ராஜத்துரோகக் குற்றத்துக்காகச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது என்பதிலிருந்து, அப்பேச்சு எவ்வளவு தூரம் எட்டியது என்பதை அறியலாம்.

எதைப் பேசுவது என்பதில் பெரும்பாலோர் செய்யும் பிழை, தெரிந்த எல்லாவற்றையும் பத்து நிமிடத்துக்குள் அடக்க முயல்வது. வீட்டுக்குத் திரும்பிப் போகும் ஒருவரிடம் “என்ன பேசினார்?” என்று கேட்டால், அவர் சொல்லக்கூடிய ஒரே வாக்கியம் எதுவாக இருக்க வேண்டும் என்பதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். அந்த வாக்கியத்துக்குத் துணை நிற்காத எதையும், அது எவ்வளவு அழகான மேற்கோளாக இருந்தாலும், விட்டுவிடுங்கள்.

ஓர் எடுத்துக்காட்டைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். எங்கள் நூலக வாசகர் வட்டத்துக்கு வரும் பெண் ஒருவர், மகளிர் சுய உதவிக் குழுவில் பொறுப்பு வகிப்பவர், அக்டோபர் 2-ஆம் நாள் கிராம சபைக் கூட்டத்தில் தம் தெருவின் குடிநீர்ப் பிரச்சினையைப் பற்றிப் பேச விரும்பினார். எழுதிக்கொண்டு வந்ததை வாசித்துக் காட்டினார். ஊராட்சித் தலைவர் முதல் பெரியோர், தாய்மார் வரை அனைவரையும் விளித்து, நீரின் சிறப்பைப் பற்றிய குறள் ஒன்றைச் சொல்லி, மழை குறைந்து வருவதைப் பற்றிக் கவலை தெரிவித்து, நான்காவது நிமிடத்தில்தான் தம் தெருவுக்கு வந்தார். “உங்கள் தெருவில் என்ன நடக்கிறது? என்னிடம் சொல்வது போலச் சொல்லுங்கள்” என்று கேட்டேன். தாளை மடித்து வைத்துவிட்டு அவர் சொன்னார்: “எங்க தெருவுல நாற்பத்திரண்டு வீடு. குழாய் மூணு. தண்ணி வர்றது ஒண்ணுல. அதுவும் விடியக்காலம் நாலு மணிக்கு.” அவருடைய பேச்சின் தொடக்கம் அதுதான் என்று முடிவு செய்தோம். வணக்கம் சொல்லி, தம் பெயரையும் தெருவையும் கூறி, நேரே அந்த நான்கு வாக்கியங்கள். பிறகு, நான்கு மணிக்கு எழுந்து குடத்தோடு நிற்பவர்கள் யார் யார் என்பது. இறுதியாக, பழுதான இரண்டு குழாய்களை எந்தத் தேதிக்குள் சரிசெய்து தருவீர்கள் என்ற ஒரே கேள்வி. மொத்தம் மூன்று நிமிடங்கள்கூட ஆகவில்லை. கூட்டத்தில் அவர் பேசி முடித்தபோது, பின்னால் நின்றிருந்தவர்கள் “ஆமா, தேதி சொல்லுங்க” என்று குரல் கொடுத்தார்கள். கேட்பவரைப் பேச்சுக்குள் இழுப்பது என்றால் என்ன என்பதை நான் அன்று அவரிடம்தான் கற்றேன்.

அடுத்தது மனப்பாடம். பள்ளிப் பேச்சுப் போட்டிகள் நம்மிடம் விட்டுச் சென்ற பழக்கம் இது. ஏழாம் வகுப்பில், எனக்கு எழுதிக்கொடுக்கப்பட்ட ஐந்து நிமிடப் பேச்சை ஒரு சொல் விடாமல் ஒப்புவித்துக்கொண்டிருந்த நான், மூன்றாம் பத்தியின் முதல் சொல் நினைவுக்கு வராமல் மேடையில் நின்றேன். மீதி முழுவதும் அந்த ஒரு சொல்லோடு சேர்ந்து மறைந்துவிட்டது. சங்கிலியாகக் கோத்த சொற்கள் ஒரு கண்ணி அறுந்தால் முழுவதும் சிதறும். ஆகவே பேச்சைச் சொல் சொல்லாக மனப்பாடம் செய்யாதீர்கள். முதல் இரண்டு வாக்கியங்களையும் கடைசி வாக்கியத்தையும் மட்டும் அப்படியே நெஞ்சில் பதித்துக்கொள்ளுங்கள். இடையில் உள்ளவற்றை ஐந்தாறு குறிப்புச் சொற்களாக, அஞ்சலட்டை அளவுள்ள கெட்டியான அட்டையில், கை நீட்டும் தொலைவிலிருந்து படிக்கும்படி பெரிய எழுத்தில் எழுதிக்கொள்ளுங்கள். மெல்லிய தாளாக இருந்தால் கை நடுங்குவதை அது பத்து மடங்காக்கிக் காட்டும், அட்டை காட்டாது.

எழுத்துத் தமிழில் பேசுவதா பேச்சுத் தமிழில் பேசுவதா என்று கேட்பவர்கள் உண்டு. அவைக்கு ஏற்ப இரண்டும் பொருந்தும். ஆனால் எழுதும்போது இயல்பாக அமையும் நீண்ட வாக்கியம், காதால் கேட்பவருக்குச் சுமையாகிவிடும் என்பதை மறக்கலாகாது. தமிழில் வினைமுற்று இறுதியில்தான் வருகிறது. அது வரும்வரை கேட்பவர் எல்லாவற்றையும் நினைவில் தாங்கிக்கொண்டு காத்திருக்க வேண்டும்.

இதோடு நெருங்கிய தொடர்புடைய ஒரு குறையைப் பற்றி நான் யாரிடமும் சொல்லாமல் விடுவதில்லை. நம்மில் பெரும்பாலோருக்கு வாக்கியத்தின் முடிவில் மூச்சுத் தீர்ந்து குரல் இறங்கிவிடுகிறது. நம் மொழியில் வாக்கியத்தின் உயிர் இருப்பதோ அந்த முடிவில்தான். “இந்த மாத்திரையை வெறும் வயிற்றில் சாப்பிட…” என்பது வரை தெளிவாகக் கேட்டு, அடுத்து வரும் ‘வேண்டும்’ அல்லது ‘கூடாது’ என்பது தொண்டைக்குள்ளேயே அமுங்கிவிட்டால், மருத்துவ முகாமில் கேட்டுக்கொண்டிருந்தவர் எதை நம்பி வீட்டுக்குப் போவார்? உங்கள் பேச்சிலிருந்து பத்து வாக்கியங்களை எடுத்து, ஒவ்வொன்றிலும் கடைசிச் சொல்லை அடிக்கோடிட்டு, அந்தச் சொல்லில் குரல் தாழாதபடி உரக்கச் சொல்லிப் பழகுங்கள். கைப்பேசியில் பதிவு செய்து, அதை அறையின் மறுகோடியில் வைத்துக் கேட்டுப் பாருங்கள். ஒரு வாரம் நாள்தோறும் பத்து நிமிடம் இதைச் செய்தவர்களின் பேச்சில் நான் கண்ட மாற்றம், வேறு எந்தப் பயிற்சியிலும் கண்டதில்லை. அதே பதிவில் ழகர, லகர, ளகரங்களையும் கவனித்துக்கொள்ளலாம். ‘பள்ளி’ பல்லியாகவும் ‘மழை’ மலையாகவும் ஒலித்தால், உங்கள் கருத்தை விட்டுவிட்டு அவை அந்த எழுத்தைப் பிடித்துக்கொள்ளும்.

இனி அச்சம். அது முற்றிலும் நீங்கிவிடும் என்று நான் உறுதி கூற மாட்டேன். நீங்க வேண்டியதும் இல்லை. ஆபத்து என்று மனம் கருதியதும் உடலில் அட்ரினலின் சுரக்கிறது. நெஞ்சு வேகமாக அடிக்கிறது, உள்ளங்கை வியர்க்கிறது, வாய் உலர்கிறது. உங்களுக்குப் பறை முழக்கமாகக் கேட்கும் அந்த இதயத் துடிப்பு, முதல் வரிசையில் இருப்பவருக்குக்கூடத் தெரியாது. பெயர் அழைக்கப்படுவதற்கு முன், இருக்கையில் அமர்ந்தபடியே, நான்கு எண்ணும் வரை மூச்சை இழுத்து, எட்டு எண்ணும் வரை மெல்ல விடுங்கள். ஐந்தாறு முறை போதும். மூச்சை வெளியே விடும்போது இதயத் துடிப்பு இயல்பாகவே சற்றுத் தணியும் என்பதால், வெளிமூச்சு நீளமாக இருப்பதுதான் இதில் முக்கியம். இரண்டு மிடறு தண்ணீர் குடியுங்கள். மைக்கின் முன் நின்றதும் உடனே தொடங்கிவிடாமல், இரு கால்களையும் ஊன்றி நின்று, அவையை ஒருமுறை பார்த்துவிட்டு, ஒரு முழு மூச்சு எடுத்த பிறகு வணக்கம் சொல்லுங்கள்.

மைக்கைத் தட்டிப் பார்ப்பதும் ஊதிப் பார்ப்பதும் வேண்டாம். வாயிலிருந்து நான்கு விரற்கடை தள்ளிப் பிடித்து, தலைப்பகுதியைக் கையால் மூடாமல், தண்டைப் பற்றிக்கொள்ளுங்கள். ஒலிபெருக்கிக்கு முன்னால் போய் நிற்காதீர்கள். கீச்சென்ற அலறல் அதனால்தான் எழுகிறது.

விளிப்பை முப்பது நொடிக்குள் முடியுங்கள். மேடையில் உள்ள பன்னிரண்டு பேரையும் பட்டங்களோடு விளிப்பது மரியாதை என்று கருதப்படுகிறது. கீழே அமர்ந்திருக்கும் இருநூறு பேரின் நேரமும் மரியாதைக்குரியதே. தலைவரையும் அழைத்தவரையும் பெயர் சொல்லி வணங்கி, மற்ற அனைவரையும் ஒரே தொடரில் வணங்கினால் யாரும் குறை காண மாட்டார்கள்.

பட்டிமன்றங்களைக் கேட்டு வளர்ந்த நமக்கு, சிரிக்க வைப்பதே நல்ல பேச்சு என்ற எண்ணம் படிந்திருக்கிறது. அந்த மேடைகளில் சிரிக்க வைப்பவர்கள் பல்லாண்டுகள் ஊர் ஊராகப் பேசித் தேர்ந்தவர்கள். வாட்ஸ்அப்பில் வந்த துணுக்கைச் சொன்னால், அதை ஏற்கெனவே படித்தவர்கள்தாம் எதிரே இருப்பார்கள். உங்கள் அனுபவத்தில் நடந்த ஒன்றை, நடந்தபடியே, இடமும் நேரமும் தெரியச் சொல்லுங்கள். சிரிப்பு வந்தால் வரட்டும். வராவிட்டாலும் அவை உங்களோடு இருக்கும்.

இடையில் மறந்துவிட்டால் என்ன செய்வது? கடைசியாகச் சொன்ன வாக்கியத்தையே சற்று மெதுவாக மீண்டும் சொல்லுங்கள்; அழுத்தம் கொடுப்பதற்காகச் சொல்கிறீர்கள் என்றே அவை எண்ணும். அதற்குள் அட்டையைப் பாருங்கள். மூன்று நொடி மௌனம் பேசுபவருக்கு மூன்று நிமிடமாகத் தோன்றும். கேட்பவருக்கு அது மூச்சு வாங்கும் இடைவெளிதான்.

நேரத்தைக் காப்பது பேச்சாளரின் கடமை. “இரண்டு நிமிடத்தில் முடிக்கவும்” என்ற துண்டுச் சீட்டு வரும்வரை காத்திருக்காதீர்கள். பத்து நிமிடம் தரப்பட்டால் எட்டு நிமிடத்துக்குத் தயாரியுங்கள். “இறுதியாக ஒன்று” என்று சொல்லிவிட்டால், அதன் பிறகு உண்மையிலேயே ஒன்றுதான் இருக்க வேண்டும்.

எங்கே பழகுவது என்று கேட்பவர்களுக்கு, சிறப்புரைக்கான அழைப்பு வரும்வரை காத்திருக்க வேண்டாம் என்றே சொல்வேன். நூலக வாசகர் வட்டத்தில் ஒரு நூலைப் பற்றி ஐந்து நிமிடம் பேசக் கேளுங்கள். மேடைப் பேச்சு பழகுவோர் கூடும் டோஸ்ட்மாஸ்டர்ஸ் மன்றங்களில், முன்தயாரிப்பு இல்லாமல் ஓரிரு நிமிடம் பேசும் பயிற்சியும், ஒருவர் பேசும்போது தேவையற்ற அசைச்சொற்களை இன்னொருவர் எண்ணிச் சொல்லும் ஏற்பாடும் உண்டு. அப்படி யாரும் எண்ணிச் சொல்லாதவரை, ‘வந்து’, ‘அதாவது’, ‘என்னன்னா’ ஆகியவற்றை நாம் எத்தனை முறை சொல்கிறோம் என்பது நமக்கே தெரிவதில்லை. இவை எதுவும் அருகில் இல்லையென்றால், உங்கள் ஊரில் அடுத்து நடக்கும் விழாவில் நன்றியுரை சொல்ல நீங்களாகவே முன்வாருங்கள். யாரும் போட்டிக்கு வராத பொறுப்பு அது. இரண்டு நிமிடத்துக்கு மேல் யாரும் எதிர்பார்ப்பதும் இல்லை. நன்றி சொல்ல வேண்டியவர்களின் பெயர்களை முதலெழுத்தோடு எழுதி வாங்கி, ஒருமுறை அவர்களிடமே சொல்லிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். சிறப்புரையைக் கருத்தூன்றிக் கேட்டு, அதில் உங்களைத் தொட்ட ஒரே ஒரு கருத்தைக் குறித்துக்கொண்டு, எழுந்ததும் முதலில் அதைச் சொல்லிவிட்டுப் பிறகு பெயர்களுக்குச் செல்லுங்கள். அன்றிரவே கைப்பேசிப் பதிவைக் கேட்டு, அடுத்த முறை திருத்த வேண்டிய ஒன்றை மட்டும் அதே அட்டையின் பின்புறம் எழுதி வையுங்கள்.