அடையாள அட்டைப் படம் அனுப்புமுன்

உப்புவெளியில் அறை பதியவோ, திருகோணமலை நகரில் வேலைக்கு விண்ணப்பிக்கவோ போனால், அடையாள அட்டைப் படத்தை வட்ஸ்அப்பில் கேட்பார்கள். இலங்கையின் புது அடையாள அட்டையின் 12 இலக்கங்களே நிறையச் சொல்லிவிடும்: முதல் நான்கு பிறந்த ஆண்டு, அடுத்த மூன்று அந்த ஆண்டின் எத்தனையாம் நாள், பெண்களுக்கு அதோடு 500 கூட்டியிருக்கும். பிறந்த திகதியையே கடவுச்சொல்லாக வைத்தவர் பாடு அதோகதிதான்.

நேரில் காட்டினால் போதுமா என்று முதலில் கேளுங்கள். படம்தான் வேண்டுமென்றால் போட்டோக்கொப்பி எடுத்து, பெறுபவர் பெயர், காரணம், திகதி மூன்றையும் அட்டையின் எழுத்துகளைத் தொடும்படி குறுக்கே பேனையால் எழுதி, அதைப் படமெடுத்து அனுப்புங்கள். வெற்று மூலையில் எழுதினால் வெட்டிவிடுவார்கள். தேவையற்ற விலாசத்தை மறைக்கக் கைபேசியின் ஹைலைட்டர் உதவாது. வெளிச்சத்தைக் கூட்டினால் உள்ளிருப்பது தெரியும். நிறம் நிரப்பிய பெட்டியை மேலே வைத்து, ஸ்கிரீன்ஷொட் எடுத்து அதையே அனுப்புங்கள்.