பழைய யுகுலேலே கிடைத்தால் அவசரப்படாதீர்கள்: மலைவாசிகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நீலகிரியிலும் பழனி மலையிலும் ஒரு பழைய பங்களா கைமாறும்போது, கட்டில், அலமாரி, பீங்கான் எல்லாம் விலைபோன பிறகு பரணில் மிஞ்சுகிற சாமான்களுக்கு நடுவே சில நேரம் நான்கு தந்திகள் கொண்ட ஒரு சிறிய கருவி கிடக்கும். குட்டி கிதார் என்று நினைத்து வீட்டார் அதைப் பிள்ளைகளிடம் விளையாடக் கொடுத்துவிடுவார்கள். இல்லையென்றால் பழைய சாமான் கடைக்காரர் மற்றதோடு சேர்த்து மொத்தமாக எடுத்துப்போய்விடுவார். கோத்தகிரியில் இருந்துகொண்டு பழைய தந்திக் கருவிகளைப் பழுதுபார்த்து வருகிற எனக்கு ஒன்று உறுதியாகத் தெரியும். இந்த யுகுலேலேக்களை நம் மழை கெடுத்ததைவிட, நல்ல எண்ணத்தோடு நாம் கெடுத்ததே அதிகம்.

ஹவாய்த் தீவின் கருவி இந்த மலைக்கு எப்படி வந்தது என்று பலர் கேட்கிறார்கள். 1879இல் மதேரா தீவிலிருந்து ஹொனலுலுவில் வந்திறங்கிய போர்த்துகீசியத் தச்சர்கள், தங்கள் ஊர்ச் சிறு கிதாரை ஒட்டி உருவாக்கியதுதான் யுகுலேலே. 1915இல் சான்பிரான்சிஸ்கோவில் நடந்த பனாமா பசிபிக் கண்காட்சிக்குப் பிறகு அமெரிக்கா முழுவதும் அதன் மேல் மோகம் பிடித்தது. பிறகு இங்கிலாந்துக்கும் தொற்றியது. கொடைக்கானலில் 1845 முதலே மதுரை அமெரிக்க மிஷனரிகள் குடியிருந்தார்கள். அவர்களுடைய பிள்ளைகளுக்காக 1901இல் அங்கே பள்ளியும் தொடங்கப்பட்டது. இந்தப் பக்கம் குன்னூர், வெலிங்டன், கோத்தகிரியில் ஆங்கிலேயத் தோட்டத்துரைகளும் ராணுவக் குடும்பங்களும் இருந்தார்கள். ஆகவே கொடைக்கானலில் அமெரிக்கக் கருவியையும், நீலகிரியில் தோல் போர்த்திய ஆங்கிலேய பாஞ்சோ யுகுலேலேயையும் எதிர்பார்ப்பது நியாயம். ஆனால் அது முதல் ஊகம் மட்டுமே. கருவியைப் பார்க்காமல் அதை முடிவாக்கிக்கொள்ளக் கூடாது.

துடைப்பதும் மெருகேற்றுவதும்

எல்லாத் தவறுகளிலும் பெரியது இதுதான். பெட்டியைத் திறந்ததும் பூஞ்சணம் வெள்ளையாகப் படிந்திருக்கும். உடனே கை யூக்கலிப்டஸ் தைலத்துக்குப் போகிறது. நம் மலையில் எல்லாவற்றுக்கும் அதுதானே மருந்து! ஆனால் அந்தத் தைலம் பிசினையும் மெருகையும் இளக்கிக் கரைக்கக்கூடியது. பழைய யுகுலேலேக்களில் பல அவலரக்கு (ஷெல்லாக்) மெருகு பூசப்பட்டவை. ஸ்பிரிட் பட்டாலே அது கரைந்துவிடும். தைலம் தொட்ட துணியால் ஒரு முறை அழுத்தித் துடைத்தாலும் மெருகு குழைந்து பிசுபிசுக்கும். தேங்காய் எண்ணெய் மெருகைக் கரைக்காது, ஆனால் விரிசல் வழியாக மரத்துக்குள் இறங்கிவிடும். பிறகு அந்த இடத்தில் பசை பிடிக்காது.

இதைவிட மோசமானது, நாற்காலிக்குப் பாலிஷ் போடும் தச்சரிடம் கருவியைக் கொடுப்பது. குன்னூரிலிருந்து ஒருவர் ஒரு யுகுலேலே கொண்டுவந்தார். மரம் பளபளவென்று செந்நிறத்தில் மின்னியது. தலைப்பகுதியின் பின்புறத்தைச் சாய்வான வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். மார்ட்டின் என்ற அமெரிக்கக் கிதார் நிறுவனம் தன் ஊர்ப்பெயராக ‘நாசரேத்’ என்று சூட்டுக்கோலால் பதித்த ஆங்கிலச் சொல்லில் கடைசி மூன்று எழுத்துகளின் அடிப்பகுதி மட்டும் தெரிந்தது. மற்ற எழுத்துகள் உப்புத்தாள் தேய்ப்பில் போய்விட்டன. வேலையை நேர்த்தியாகத்தான் செய்திருந்தார் அந்தத் தச்சர். நாற்காலிக்கு அது சரியான வேலை. பழைய கருவியின் மெருகை எடுத்துவிட்டுப் புதிதாகப் பூசினால் விலை ஏறத்தாழ பாதியாகிவிடும் என்பது சேகரிப்பாளர்களிடையே நெடுநாளாக உள்ள கணக்கு. அடையாள முத்திரையும் சேர்ந்து போனால் இழப்பு இன்னும் கூடும்.

செய்யக்கூடியது சொற்பம். காற்றோட்டமான, வெயில் நேரடியாக விழாத அறையில் பெட்டியைத் திறந்து வைத்து, மென்மையான உலர்ந்த தூரிகையால் பூஞ்சணத்தைத் தட்டிவிடுங்கள். மூக்கில் துணி கட்டிக்கொள்ளுங்கள். அதற்கு மேல் செய்ய வேண்டியதைத் தெரிந்தவரிடம் விட்டுவிடுங்கள். பழைய பெட்டி எவ்வளவு நைந்திருந்தாலும் தூக்கி எறியாதீர்கள்.

எண்ணைப் பார்த்து ஆண்டைச் சொல்வது

தலைப்பகுதியில் தங்க நிற எழுத்துகளில் ‘1833’ என்று இருக்கிறது, அப்படியானால் கிட்டத்தட்ட இருநூறு ஆண்டுப் பழசு என்று தொலைபேசியில் உற்சாகமாகச் சொல்பவர்கள் உண்டு. அது மார்ட்டின் நிறுவனம் தொடங்கப்பட்ட ஆண்டு. அந்த ஒட்டுப்படத்தையே அவர்கள் 1930களின் முற்பகுதியில்தான் யுகுலேலேயில் ஒட்டத் தொடங்கினார்கள். ஆகவே ‘1833’ என்று எழுதியிருப்பதே அந்தக் கருவி 1930களுக்கு முந்தையதல்ல என்பதற்குச் சான்று. மதேராவிலிருந்து வந்த அந்தத் தச்சர்களில் ஒருவரான மானுவல் நூனெஸ் பெயருள்ள சீட்டில் 1879 என்று இருந்தாலும் இதே கதைதான். அது அவர் ஹவாய் வந்த ஆண்டைக் குறிப்பது.

நாசரேத் என்று பார்த்ததும் நம் தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத்தில் செய்தது என்று நினைத்து மலிவாகக் கொடுத்துவிடவும் வாய்ப்பிருக்கிறது. மார்ட்டின் பட்டறை இருப்பது அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்து நாசரேத்தில்.

இன்னொன்று, வரிசை எண்ணைத் தேடி நேரத்தை வீணாக்குவது. மார்ட்டின் கிதாருக்கு எண் உண்டு, அதை வைத்து ஆண்டைக் கண்டுபிடிக்கலாம். யுகுலேலேக்கு, 1916இல் செய்த முதல் சிலவற்றைத் தவிர, எண் போடவில்லை. எண் இல்லாததால் போலி என்று முடிவுகட்டிய ஒரு நல்ல கருவியை நான் பார்த்திருக்கிறேன்.

அப்படியானால் எதைப் பார்ப்பது? ஒரு சிறு டார்ச்சும், பல் மருத்துவர் வாய்க்குள் விட்டுப் பார்க்கும் வட்டக் கண்ணாடியும் போதும். ஒலித்துளை வழியே உட்புறத்துப் பின்பலகையைப் பாருங்கள். அங்கே முத்திரை இருக்கிறதா, அதில் அமெரிக்காவில் செய்தது என்ற வரி கூடுதலாக இருக்கிறதா என்று கவனியுங்கள். அந்த வரி மார்ட்டின் யுகுலேலேயில் 1960களின் தொடக்கத்தில் வந்தது. ஹொனலுலு சீட்டில் ஊர்ப்பெயருக்குப் பின்னால் டி.ஹெச். என்று இருந்தால் ஹவாய் ஓர் ஆட்சிப்பகுதியாக இருந்த காலம், அதாவது 1959க்கு முன்பு. அமெரிக்க முகவரியில் ஜிப் எண் இருந்தால் 1963க்குப் பின். பெட்டிக்குள் ஒட்டிய இந்தியக் கடைச் சீட்டில் பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்டுக்குப் பின் அச்சானது. முறுக்காணியில் கூட்டல்குறித் தலையுள்ள திருகாணி இருந்தால், அந்தத் திருகாணியாவது 1930களின் நடுப்பகுதிக்கு முந்தையதாக இருக்க முடியாது. இப்படி ஒவ்வொரு தடயமும் ஒரு கதவைச் சாத்தும். நான்கைந்து கதவுகள் சாத்தப்பட்டால் நடுவில் பத்துப் பதினைந்து ஆண்டு இடைவெளி நிற்கும். அவ்வளவு துல்லியம் போதும். குறிப்பிட்ட ஓர் ஆண்டைத் தயங்காமல் சொல்லுகிறவரை நம்பாதீர்கள்.

பழசாகத் தெரிவதெல்லாம் பழசல்ல

ஊட்டி ஈரத்தில் ஐந்தாறு மழைக்காலம் பெட்டியில்லாமல் கிடந்தால், நேற்று இறக்குமதியான கருவிக்கும் நூறாண்டுத் தோற்றம் வந்துவிடும். உலோகம் துருப்பிடிக்கும், மரம் கறுக்கும். ஒலித்துளையின் விளிம்பைப் பாருங்கள். மேலே தெரியும் மரவரிகள் விளிம்பின் தடிப்பிலும் தொடர்ந்தால் அது ஒரே பலகை. மூன்று அடுக்குகள் தெரிந்தால் ஒட்டுப்பலகை. 1920களின் நல்ல பட்டறைகள் ஒரே பலகையில்தான் செய்தன.

மரத்தின் பெயரைச் சொல்வதிலும் நம் மலையில் தனிச்சிக்கல் இருக்கிறது. ஹவாயின் கோஆ மரத்தில் செய்தவற்றுக்கு மதிப்பு அதிகம். அந்த மரம் அகேசியா இனத்தைச் சேர்ந்தது. அதன் மிக நெருங்கிய உறவான ஆஸ்திரேலிய பிளாக்வுட் மரத்தை ஆங்கிலேயர்கள் 19ஆம் நூற்றாண்டிலேயே நீலகிரியிலும் பழனி மலையிலும் நட்டுவிட்டார்கள். அறுத்து மெருகேற்றினால் இரண்டுக்கும் அதே பொன்பழுப்பு, அதே கரும்பட்டைகள். ஆகவே மரத்தின் வரியைப் பார்த்து மட்டும் ஹவாய்க் கருவி என்று முடிவுசெய்யாதீர்கள். உள்ளூர்ப் பட்டறையில் யாரோ ஒருவர் ஆசையாகச் செய்ததாக இருக்கலாம். அப்படி ஒன்று கிடைத்தால் நான் மிகவும் மகிழ்வேன். நம் மலையின் மரவேலை வரலாற்றுக்கு அது பெரிய செய்தி. ஆனால் அதை ஹவாய்க் கருவி என்று சொல்லி விற்பது ஏமாற்று.

தந்தியும் தோலும்

யுகுலேலேக்கு முதலில் குடல்தந்தி, இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு நைலான். எஃகுத் தந்தி ஒருபோதும் கிடையாது. கிடைத்ததைக் கட்டலாமே என்று மாண்டலின் தந்தியைக் கட்டி முறுக்கினால், அந்த இழுவையைத் தாங்காமல், மேற்பலகையில் தந்தியைப் பிடித்து நிற்கும் பாலம் பெயர்ந்துவிடும், மேற்பலகை குழிந்துவிடும். சரியான தந்தியாக இருந்தாலும் பல்லாண்டு சும்மா கிடந்ததை அன்றே முழுச் சுருதிக்கு ஏற்றக் கூடாது.

பழைய கருவிகள் ஒட்டப்பட்டது நம் தச்சர்களுக்குத் தெரிந்த வச்சிரத்தால்தான், அதாவது விலங்குத் தோலைக் காய்ச்சி எடுக்கும் பசையால். சூடும் ஈரமும் பட்டால் வச்சிரம் இளகும். மேட்டுப்பாளையத்துக்கோ வத்தலக்குண்டுக்கோ இறங்கிய காரை வெயிலில் நிறுத்தி, டிக்கிக்குள் யுகுலேலேயை விட்டுப்போனால் மாலைக்குள் பின்பலகை வாய் பிளந்துவிடும். பிளந்தால் பயப்பட வேண்டாம், வச்சிரம் போட்டே திரும்ப ஒட்டலாம். கடையில் கிடைக்கும் வெள்ளைப் பசையையோ எபாக்சியையோ வைத்து ஒட்டினால்தான் ஆபத்து. அடுத்த முறை பிரிக்கும்போது மரமும் சேர்ந்து பிய்ந்து வரும்.

பாஞ்சோ யுகுலேலே வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. லண்டனில் ஆல்வின் கீச் ‘பாஞ்சுலேலே’ என்ற பெயரில் விற்றதும், ஆங்கிலேய நகைச்சுவைப் பாடகர் ஜார்ஜ் ஃபார்ம்பி மேடைகளில் வாசித்துப் புகழ்பெறச் செய்ததும் இந்த வகைதான். முகத்தில் இருப்பது கன்றுத்தோல். ஆடி மழையில் அது ஈரம் குடித்துத் தொய்யும். உடனே சாவி எடுத்து, சுற்றிலும் உள்ள கொக்கிகளை இறுக்குவார்கள். ஒலி நன்றாக இருக்கும். தை, மாசியில் உறைபனிக் காலத்து வறண்ட காற்று வந்ததும் அதே தோல் சுருங்கும். ஏற்கெனவே இறுக்கிய தோலுக்குப் போக இடமில்லை. ஓர் இரவில் விளிம்போடு கிழிந்துவிடும். மழைக்காலத்தில் இறுக்கினால், மழை விட்டதும் தளர்த்த வேண்டும். வாசிக்காமல் வைப்பதென்றால் தொய்வாகவே விடுங்கள்.

ஓரத்தில் ஓடும் தந்த நிறப் பட்டையைத் தந்தம் என்று நினைத்துச் சூடான ஊசியால் குத்திப் பார்ப்பவர்களும் இருக்கிறார்கள். அது பெரும்பாலும் செல்லுலாய்டு, சட்டென்று தீப்பிடிக்கும். விரலால் சூடேறும்வரை தேய்த்து முகர்ந்தால் போதும், கற்பூர வாசனை வரும். உண்மையான தந்தம் என்று தெரிந்தால் அதை இந்தியாவில் விற்பதே குற்றம்.

விலை சொல்லும்போது

இணையத்தில் யாரோ கேட்கும் விலையைப் பார்த்து நம் கருவியின் விலையைச் சொல்வது பரவலான தவறு. கேட்கிற விலை ஆசை. முடிந்த விற்பனைகளின் விலையை மட்டும் பாருங்கள். அதிலும் அதே மாதிரி, அதே நிலையில் இருப்பதோடு ஒப்பிட வேண்டும். மார்ட்டினில் 1922இல் வந்த எளிய ஸ்டைல் 0 மஹோகனியில், ஓரப்பட்டை இல்லாமல் இருக்கும். அது சில நூறு டாலர் விலைபோகும். விளிம்பெங்கும் சிப்பி பதித்த ஸ்டைல் 5 கோஆ பல ஆயிரம் டாலர் பெறும். இரண்டும் மார்ட்டின்தான். கமாக்கா பட்டறை 1916 முதல் ஹொனலுலுவில் நடக்கிறது. 1928இல் அவர்கள் காப்புரிமை பெற்ற அன்னாசி வடிவக் கருவியில் பழையவற்றுக்குத் தேடுவோர் உண்டு. 1949 முதல் மரியோ மக்கஃபேரி வார்த்துத் தள்ளிய பிளாஸ்டிக் யுகுலேலேக்களுக்கு விலை குறைவு. அதற்காகக் குப்பையில் போட வேண்டாம். தின்னர் போட்டு மட்டும் துடைக்காதீர்கள், கரைந்துவிடும்.

வெளிநாட்டில் நல்ல விலைக்கு ஆள் கிடைத்ததும் பார்சல் கட்டிவிடுவதும் தவறு. 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறு ஆண்டு கடந்த கலை, கைவினைப் பொருள்கள் தொல்பொருள்கள். தனியார் அவற்றை ஏற்றுமதி செய்ய முடியாது. 1920களின் கருவிகள் ஒவ்வொன்றாக அந்த எல்லையைக் கடந்துகொண்டிருக்கின்றன. இந்தியத் தொல்லியல் துறையிடம் கேட்டுத் தெளிவுபெற்ற பிறகு அனுப்புங்கள். பிரேசில் ஈட்டி மரப் பகுதிகள் இருந்தால் 1992 முதல் நடப்பில் உள்ள பன்னாட்டுக் கட்டுப்பாடும் சேரும். நம் ஊர் ஈட்டியில் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு 2019இல் விலக்கு கிடைத்தது. ஆனால் இரண்டையும் கண்ணால் பிரித்தறிவது எளிதல்ல.

கடைசியாக, கருவி யாருடையது, எந்த பங்களாவில் இருந்தது, யார் சொன்னார்கள் என்பதை அந்த வீட்டுப் பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பழைய ரசீது, கடிதம், கருவியோடு யாராவது நிற்கும் புகைப்படம் எதுவானாலும் சேர்த்து வையுங்கள். எழுதிய தாளைத் தனி உறையில் போடுங்கள். கருவிக்குள் டேப் வைத்து ஒட்டினால் அதை உரிக்கும்போது மெருகும் உரிந்து வந்துவிடும்.