ட்ரோன் பறக்கவிடப் பழகுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிதாக ட்ரோன் வாங்கியவர்களில் பலர் அன்று மாலையே அதை மொட்டை மாடிக்கு எடுத்துச் சென்றுவிடுகிறார்கள். வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டை போன்ற நெருக்கமான ஊர்களில் வேறு திறந்தவெளி உடனே கிடைப்பதில்லை என்பது உண்மைதான். ஆனாலும் பழகுவதற்கு மொட்டை மாடியைப் போலப் பொருந்தாத இடம் வேறில்லை. தளத்தின் காங்கிரீட்டுக்குள் நெருக்கமாகக் கட்டப்பட்டிருக்கும் இரும்புக் கம்பிகள் ட்ரோனில் உள்ள திசைகாட்டியைக் குழப்பிவிடும். அந்தத் தளத்தின் மீதே வைத்து காம்பஸ் கேலிப்ரேஷன், அதாவது திசைகாட்டியைச் சரிப்படுத்தும் வேலையைச் செய்தால் அந்தப் பிழை கருவியின் கணக்கிலேயே பதிந்துவிடும். மேலே எழுந்ததும் ஓரிடத்தில் நிற்க வேண்டிய ட்ரோன் சிறு வட்டமாகச் சுற்றத் தொடங்கும். வட்டம் பெரிதாகிக்கொண்டே போய் கடைசியில் பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டியிலோ, தெருவின் குறுக்கே போகும் கேபிள் வயரிலோ மோதி முடியும். போதாக்குறைக்கு, கைப்பிடிச் சுவரில் மோதி எழும் காற்று மாடியின் விளிம்பில் சுழன்றுகொண்டே இருக்கும்.

இந்தத் தவறுக்கும், இனிச் சொல்லப்போகும் பல தவறுகளுக்கும் வேர் ஒன்றே. கையை எடுத்தாலும் ட்ரோன் அந்தரத்தில் தானாக நிற்கிறது. அதைப் பார்த்ததும் ஓட்டத் தெரிந்துவிட்டது என்று மனம் முடிவு செய்துவிடுகிறது. உண்மையில் அப்போது ஓட்டிக்கொண்டிருப்பது கருவிதான். சாய்வை ஜைரோஸ்கோப்பும், உயரத்தைக் காற்றழுத்த உணரியும், இடத்தை ஜி.பி.எஸ்.ஸும் நொடிதோறும் பலமுறை கணக்கிட்டு, நான்கு மோட்டார்களின் வேகத்தையும் மாற்றிக்கொண்டே இருக்கின்றன. ஜி.பி.எஸ். தொடர்பு அறுந்த மறுகணம் ட்ரோன் காற்றின் போக்கில் நகரத் தொடங்கும். அதைத் திருப்பிக் கொண்டுவரக் கைக்குத் தெரிந்திருக்க வேண்டும். கை பழகாதவருக்கு அந்தச் சில நொடிகளில் எதுவும் தோன்றாது.

மூக்கு எந்தப் பக்கம்?

தொடக்கக்காரர்கள் தவிர்க்கவே முடியாமல் சிக்கும் இடம் இதுதான். ட்ரோனின் வால் நம்மை நோக்கி இருக்கும்வரை ரிமோட்டின் வலது ஸ்டிக்கை, அதாவது கட்டுப்பாட்டுக் குச்சியை, வலப்புறம் தள்ளினால் அதுவும் நமக்கு வலப்புறம் போகும். ட்ரோன் திரும்பி மூக்கை நம் பக்கம் காட்டிவிட்டால், அதே அசைவு அதை நமக்கு இடப்புறம் கொண்டுபோகும். மூளைக்கு இது புரிந்திருந்தாலும் விரலுக்குப் புரிய நாளாகும். ட்ரோன் இடப்புறமுள்ள புளியமரத்தை நோக்கி நகரும்போது, பதற்றத்தில் ஸ்டிக்கை வலப்புறம் தள்ளி, மரத்துக்குள்ளேயே அதைச் செலுத்திவிடுகிறவர்கள் ஏராளம்.

மூக்கு நம்மை நோக்கி இருக்கும்போது, ட்ரோன் எந்தப் பக்கம் நழுவுகிறதோ அதே பக்கம் ஸ்டிக்கைத் தள்ள வேண்டும். அப்போது நழுவல் நின்றுவிடும். சாய்ந்து விழும் பக்கத்துக்கு முட்டுக்கொடுப்பதாக நினைத்துக்கொண்டால் இது எளிதில் மறக்காது. முதலில் வாலைக் காட்டியபடி தலை உயரத்தில் நிற்கவைத்துப் பழக வேண்டும். அது சலிப்பூட்டும் அளவுக்குக் கைவந்த பிறகு, இடப்பக்கம் தெரியும்படியும், வலப்பக்கம் தெரியும்படியும், கடைசியாக மூக்கைக் காட்டியபடியும் நிற்கவைக்க வேண்டும். இந்த நான்கு நிலைகளும் பழகிய பிறகுதான் சதுரமும், எட்டு வடிவமும். பலர் முதல் நிலையோடு நிறுத்திக்கொண்டு நேரே படம் எடுக்கப் போய்விடுகிறார்கள்.

சில சிறிய ட்ரோன்களில், மூக்கு எங்கே இருந்தாலும் ஸ்டிக் தள்ளிய திசையிலேயே போகும்படி ‘ஹெட்லெஸ்’ என்றொரு வசதி உண்டு. பழகும் காலத்தில் அதைத் தொடாமல் இருப்பதே நல்லது என்பது என் உறுதியான கருத்து. அது தவறு நேராமல் காப்பதைவிடக் கற்பதைத் தடுப்பதுதான் அதிகம். விலையுயர்ந்த ட்ரோனில் தொடங்குவதைவிட, கணினி சிமுலேட்டரில் உண்மையான ரிமோட்டை இணைத்துப் பழகுவதும், ஜி.பி.எஸ். இல்லாத 250 கிராமுக்கும் குறைவான சிறு ட்ரோன் ஒன்றை வெட்டவெளியில் காற்றில்லாத நேரத்தில் பறக்கவிடுவதும் கைக்குப் பல மடங்கு பாடம் சொல்லித்தரும்.

போகும்போது துணை, வரும்போது பகை

தரையில் இலை அசையவில்லை என்பதை வைத்து மேலே காற்றில்லை என்று முடிவு செய்யக் கூடாது. வேலூரைச் சுற்றிலும் பாறைக் குன்றுகள் இருப்பதால், அவற்றின் மறைவில் தரை அமைதியாக இருக்கும்போதே ஐம்பது மீட்டர் உயரத்தில் பலமான காற்று வீசக்கூடும். ஆடிக் காற்றைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

காற்றடிக்கும் திசையிலேயே ட்ரோனை முதலில் அனுப்புவது மிகப் பரவலான தவறு. ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ட்ரோனின் வேகம் நொடிக்கு 10 மீட்டர், காற்றின் வேகம் நொடிக்கு 6 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். காற்றோடு போகும்போது தரையளவில் நொடிக்கு 16 மீட்டர் போகும். 800 மீட்டரைக் கடக்க 50 நொடி போதும். திரும்பும்போது நொடிக்கு 4 மீட்டர்தான் நகரும். அதே தூரத்துக்கு 200 நொடி ஆகும். போனதைப் போல நான்கு மடங்கு நேரம் பிடிக்கும் இந்தப் பயணத்தை, பாதி பேட்டரி மீதமிருக்கிறது என்ற நம்பிக்கையில் தொடங்குகிறவரின் ட்ரோன் வழியிலேயே இறங்கிவிடும். அதனால் எப்போதும் முதலில் காற்றை எதிர்த்துப் போய், காற்றோடு திரும்பி வர வேண்டும்.

ட்ரோனைக் கிளம்பிய இடத்துக்குத் தானாகத் திரும்பவைக்கும் ‘ரிட்டர்ன் டு ஹோம்’ பொத்தான் இருக்கிறதே என்ற தைரியமும் இதே வகையைச் சேர்ந்தது. போதிய செயற்கைக்கோள்கள் கிடைப்பதற்கு முன்பே கிளம்பினால், திரும்பி வர வேண்டிய இடம் எது என்பதே அதற்குத் தெரியாமல் போகலாம். திரும்பும் உயரத்தை 20 மீட்டர் என்று விட்டுவைத்தால் தென்னந்தோப்பின் உச்சியிலோ கைப்பேசிக் கோபுரத்திலோ மோதும். நம் பகுதியில் இன்னொரு சிக்கலும் உண்டு. அந்த உயரம் கிளம்பிய இடத்திலிருந்து கணக்கிடப்படுவது. மலையடிவாரத்தில் நின்று 40 மீட்டர் என்று வைத்துவிட்டு மலைச்சரிவின் மறுபுறம் அனுப்பினால், திரும்பும் பாதையில் பாறையே குறுக்கே நிற்கும். மரத்தடியிலும் மண்டபத்துக்குள்ளும் அந்தப் பொத்தானை அழுத்துவது அதைவிட மோசம். ட்ரோன் முதலில் செய்வது செங்குத்தாக மேலே எழுவதுதான்.

இறக்கும்போது நேர்செங்குத்தாக வேகமாக இறக்கினால், தன் சுழலிகள் கீழே தள்ளிய கலங்கிய காற்றுக்குள்ளேயே ட்ரோன் அமிழ்ந்து, தூக்கும் விசையை இழந்து தள்ளாடும். அந்த நேரத்தில் மோட்டார்களின் வேகத்தைக் கூட்டும் த்ராட்டிலை ஏற்றுவது பலன் தராது. முன்னோ பக்கமோ நகர்த்திக் கலங்காத காற்றுக்குக் கொண்டுபோக வேண்டும். சற்றே நகர்ந்துகொண்டே மெதுவாக இறக்கும் பழக்கம் இருந்தால் இந்த நிலையே வராது.

வெயிலும் பேட்டரியும்

ட்ரோன்களில் இருப்பது பெரும்பாலும் லித்தியம் பாலிமர் பேட்டரி. ஒரு செல்லின் முழு சார்ஜ் 4.2 வோல்ட், பறக்கும்போது 3.5 வோல்ட்டை நெருங்கும் முன் இறக்கிவிட வேண்டும். சில நாட்கள் பறக்கவிடப் போவதில்லை என்றால் 3.8 வோல்ட் அளவில் வைத்திருக்க வேண்டும். முழுதாக சார்ஜ் ஏற்றி அலமாரியில் வாரக்கணக்கில் வைப்பதும், முழுவதும் தீர்த்துவிட்டு அப்படியே போட்டுவைப்பதும் பேட்டரியை உப்பவைக்கும். உப்பிய பேட்டரியை இன்னும் ஒரே ஒரு முறை என்று பயன்படுத்துவதை மன்னிக்கவே முடியாது. அது பறக்கும்போது மின்னழுத்தம் சட்டெனச் சரிந்து விழலாம். சார்ஜ் ஏறும்போது தீப்பிடிக்கலாம்.

இவை எந்த ஊருக்கும் பொருந்தும். நம் ஊருக்கென்று இருப்பது வெயில். கத்திரி வெயில் நாட்களில் ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியிலும், பூட்டிய காருக்குள்ளும் பேட்டரியை விட்டுவைக்கிறார்கள். அங்கே ஏறும் சூடு பேட்டரிக்கு ஆகவே ஆகாது. பறந்து இறங்கிய பேட்டரி கைக்குச் சூடாகத் தெரியும்போதே சார்ஜரில் மாட்டுவதும் கூடாது. அது அறையின் வெப்பநிலைக்கு ஆறும்வரை பொறுக்க வேண்டும். சார்ஜ் ஏற்றும் இடத்தில் துணி, பாய், மெத்தை எதுவும் இருக்கக் கூடாது. பக்கத்தில் ஒரு வாளி மணல் இருக்கட்டும். சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்கப் போகக் கூடாது.

வெயில் காற்றையும் பாதிக்கிறது. 15 டிகிரி செல்சியஸில் இருக்கும் காற்றைவிட 40 டிகிரியில் இருக்கும் காற்று சுமார் 8 சதவீதம் அடர்த்தி குறைந்தது. அதே எடையைத் தூக்கச் சுழலிகள் இன்னும் வேகமாகச் சுற்ற வேண்டும், மோட்டாரும் பேட்டரியும் கூடுதலாகச் சூடேறும். பெட்டியில் அச்சிட்ட பறக்கும் நேரத்தை மே மாத நண்பகலில் எதிர்பார்க்கக் கூடாது. திரையாகப் பயன்படும் கைப்பேசியும் அந்தச் சூட்டில் தானாக மங்கிவிடும். காலை ஆறிலிருந்து எட்டு மணிக்குள் பழகிவிட்டால் வெயில், காற்று என்ற இரண்டு தொல்லைகளும் இல்லை.

இடத்தைப் பொறுத்தவரை, நீரோட்டம் இல்லாத மாதங்களில் பாலாற்றுப் படுகையைப் போல விரிந்த இடம் அரிது. பாலங்கள், ரயில் பாதை, உயரழுத்த மின்கம்பிகள், மேய்ச்சல் மாடுகள் ஆகியவற்றிலிருந்து விலகி நிற்க வேண்டும். மின்கம்பி தொலைவில் இருந்து கண்ணுக்குத் தெரியாது, கேமராவிலும் தெரியாது. கம்பங்களைப் பார்த்து அவற்றுக்கு நடுவே கம்பி இருக்கிறது என்று எண்ணிக்கொள்ள வேண்டும். மணலில் நேரடியாக வைத்துக் கிளப்பவும் கூடாது. ட்ரோன் மோட்டாருக்குள் இருப்பவை காந்தங்கள்; ஆற்று மணலில் கலந்திருக்கும் இரும்புச் சத்துள்ள கருந்துகள்கள் அவற்றில் ஒட்டிக்கொள்ளும், ஊதினாலும் போகாது. கையால் சுற்றிப் பார்த்தால் நறநறவென்ற உரசல் விரலில் தெரியும். காற்றில் புரளாத கனமான பலகை ஒன்றைக் கொண்டுபோனால் இந்தத் தொல்லை தீரும். பருந்து துரத்தினால் தாழ்ந்து ஓடாமல் ட்ரோனை நேராக மேலே ஏற்றுவது நல்லது.

விளிம்பு உடைந்த சுழலியை மாற்றாமல் ஓட்டுவது, கடிகாரத் திசைச் சுழலியையும் எதிர்த் திசைச் சுழலியையும் இடம் மாற்றிப் பொருத்துவது, ரிமோட்டை முதலில் போடாமல் ட்ரோனுக்கு மின்சாரம் கொடுப்பது, ஆன்டெனாவின் நுனியை ட்ரோனை நோக்கி நீட்டுவது ஆகிய பிழைகளைக் கையேட்டை ஒருமுறை பொறுமையாகப் படித்தாலே தவிர்த்துவிடலாம். வீட்டுக்குள் மோட்டாரைச் சோதிக்கும்போது சுழலிகளைக் கழற்றிவிட வேண்டும் என்பதை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். விரல் விஷயம் அது.

சட்டமும் மனிதர்களும்

2021-ஆம் ஆண்டின் ட்ரோன் விதிகள் வான்வெளியைப் பச்சை, மஞ்சள், சிவப்பு என மூன்றாகப் பிரிக்கின்றன. பச்சைப் பகுதியில் 400 அடி உயரம் வரை முன்அனுமதி தேவையில்லை. இயங்கும் விமான நிலையத்தின் எல்லையிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டருக்குள் அந்த வரம்பு 200 அடி. சிவப்புப் பகுதியில் மத்திய அரசின் அனுமதி இல்லாமல் பறக்கவிடவே கூடாது. அப்துல்லாபுரத்தில் விமான நிலையமும், அரக்கோணத்தில் கடற்படையின் ஐ.என்.எஸ். ராஜாளி விமானத் தளமும் இருக்கும் நம் பகுதியில், மத்திய அரசின் ‘டிஜிட்டல் ஸ்கை’ இணையதளத்தில் உள்ள வான்வெளி வரைபடத்தைப் பார்க்காமல் கிளம்புவது பொறுப்பற்ற செயல். நேற்று பச்சையாக இருந்த இடம் இன்றும் பச்சை என்று எண்ணவும் கூடாது. முக்கியப் பிரமுகர் வருகை போன்ற காரணங்களுக்காக ஓரிடத்தை 96 மணி நேரம் வரை தற்காலிகச் சிவப்புப் பகுதியாக அறிவிக்க விதிகளில் இடமுண்டு. விதிமீறலுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். வேலூர்க் கோட்டை தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. அழகாக இருக்கிறதே என்று அனுமதியின்றி அதன் மேல் ஏற்றக் கூடாது.

எடை 2 கிலோவுக்குள் இருக்கும் ட்ரோனை வணிக நோக்கமின்றிப் பறக்கவிட ஓட்டுநர் சான்றிதழ் தேவையில்லை. ஆனால் நம்மிடையே பிரச்சினை தொடங்குவது அங்கேதான். வீட்டில் ட்ரோன் வந்த சேதி தெரிந்ததும், ‘நம்ம வீட்டுக் கல்யாணத்துக்கு ரெண்டு ஷாட் எடுத்துக் கொடுப்பா’ என்று மாமா கேட்பார். ‘சிரசுத் திருவிழாவுக்கு வந்துடு’ என்று குடியாத்தத்துச் சித்தப்பா அழைப்பார். மறுப்பது சங்கடம்தான். ஆயினும், கெங்கையம்மன் சிரசு ஊர்வலத்தில் தோளோடு தோள் இடிக்க நிற்கும் கூட்டத்தின் மேல் பழகாத கை ஒரு ட்ரோனை நிறுத்துவதை எந்த உறவும் நியாயப்படுத்தாது. 50 மீட்டர் உயரத்திலிருந்து விழும் பொருள், காற்றின் தடையைக் கணக்கில் எடுக்காவிட்டால், மணிக்கு சுமார் 113 கிலோமீட்டர் வேகத்தில் தரையைத் தொடும். தடை அந்த வேகத்தைக் குறைக்கும் என்றாலும், கீழே இருப்பது ஒரு குழந்தையின் தலையாக இருந்தால் குறைந்த வேகமே போதும். ‘இன்னும் பழகிக்கொண்டிருக்கிறேன் மாமா, சான்றிதழ் வாங்கினவரைக் கூப்பிடுங்கள்’ என்று சொல்லிவிடுவதே முறை. பக்கத்து வீட்டு மாடியில் வடகம் காயவைத்துக்கொண்டிருப்பவர்களும் கேமரா தலைக்கு மேல் நிற்பதை விரும்ப மாட்டார்கள். அவர்களுடைய கோபம் நியாயமானது.

விழுந்த பிறகு

எவ்வளவு கவனமாக இருந்தாலும் பழகும் காலத்தில் ட்ரோன் விழும். தரையில் மோதியும் த்ராட்டிலை இறக்காமல் வைத்திருந்தால், சுற்ற முடியாமல் சிக்கிய மோட்டாரும் அதன் வேகக் கட்டுப்படுத்தியும் கருகிவிடும். ஆகவே மோதியதும் முதல் வேலை த்ராட்டிலைச் சுழியத்துக்கு இறக்குவது. அடுத்து பேட்டரியைக் கழற்றி, எரியக்கூடியது எதுவும் இல்லாத இடத்தில் அரை மணி நேரமாவது தனியாக வைத்துக் கவனிக்க வேண்டும். உள்ளே நசுங்கிய செல் சற்றுத் தாமதித்தும் தீப்பிடிக்கும். ட்ரோனின் நான்கு கைகளிலும் விரிசல் இருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பார்த்து, ஒவ்வொரு மோட்டாரையும் விரலால் சுற்றி உரசல் இருக்கிறதா என்று சோதித்து, நல்லதாகத் தெரிந்தாலும் சுழலிகளைப் புதிதாக மாற்றிவிட வேண்டும். பிறகு வேறு பேட்டரியோடு இடுப்பு உயரத்தில் இரண்டு நிமிடம் நிற்கவைத்துக் காதால் கேட்க வேண்டும். ஒலி முன்பு இருந்தது போல ஒரே சீராக இல்லாவிட்டால், அன்றைக்கு அதோடு இறக்கிவிட வேண்டும்.