நேரவாரி மின்கட்டணத்தில் சோலாரையும் பேட்டரியையும் இயக்கும் முறை

நாள் முழுவதும் ஒரே விலை இருந்தவரை, கூரையில் சோலார் வைத்திருப்பவர் எத்தனை யூனிட் உற்பத்தியானது என்று மட்டும் பார்த்தால் போதுமானதாக இருந்தது. நேரத்துக்கு நேரம் விலை மாறும் திட்டத்துக்கு வந்துவிட்டால், நண்பகலில் கிடைக்கும் ஒரு யூனிட்டும் இரவு ஏழு மணிக்குச் செலவாகும் ஒரு யூனிட்டும் சமமான பெறுமானம் உடையவை அல்ல. பேனல்கள் நண்பகலை ஒட்டியே மிகுதியாக உற்பத்தி செய்கின்றன. வீட்டில் சமையலும் விளக்கும் ஏசியும் ஒன்றுசேர்வது பெரும்பாலும் பொழுது சாய்ந்த பிறகுதான். உச்ச விலையும் வழக்கமாக அந்த நேரத்துக்கே வைக்கப்படுகிறது. இந்த இடைவெளியை நிரப்பத்தான் பேட்டரி வாங்குகிறோம். ஆயினும், எப்போது நிரம்ப வேண்டும், எப்போது காலியாக வேண்டும் என்பதை நாம் அமைத்துக் கொடுக்காவிட்டால், அது பிற்பகலில் கடந்துபோகும் ஒரு மேகத்துக்கே கொஞ்சம் கொஞ்சமாகச் செலவழிந்து, உச்ச நேரத்தின் நடுவில் தீர்ந்துவிடும்.

அமைப்புகளில் கைவைப்பதற்கு முன், மூன்று விலைகளை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: மலிவு நேரத்தில் வாங்கும் விலை, உச்ச நேரத்தில் வாங்கும் விலை, மிச்ச மின்சாரத்தை வெளியே அனுப்பினால் கிடைக்கும் விலை. வார இறுதிக்கும் விடுமுறை நாட்களுக்கும் தனி விலை உண்டா என்பதையும் கட்டண அட்டவணையில் பாருங்கள். வெளியே அனுப்பிய ஒவ்வொரு யூனிட்டையும் எந்த நேரத்தில் வேண்டுமானாலும் முழு மதிப்பில் திரும்பப் பெறலாம் என்ற ஏற்பாடு உங்களுக்கு இருந்தால், மின்கம்பியே உங்கள் பேட்டரி. மின்தடைக்காக அன்றி, கட்டணத்தைக் குறைப்பதற்காக இன்னொரு பேட்டரி வாங்கத் தேவையில்லை.

அப்படி இல்லாதவர்கள் ஒரு சிறு கணக்குப் போட வேண்டும். மலிவு நேர விலையை 1 என்றும், உச்ச விலையை 2.5 என்றும், வெளியே விற்கும் விலையை 0.5 என்றும் வைத்துக்கொள்வோம். பேட்டரிக்குள் போன மின்சாரம் முழுவதும் திரும்பி வருவதில்லை. இன்வெர்ட்டர் இழப்பையும் சேர்த்தால் 100 யூனிட்டுக்கு 85 திரும்பும் என்று கொள்வது பாதுகாப்பான கணிப்பு. ஆகவே, இரவில் மலிவு விலையில் வாங்கிச் சேமித்த மின்சாரத்தின் உண்மையான அடக்கவிலை 1.18 (1 ÷ 0.85). விற்காமல் சேமித்த சோலார் மின்சாரத்தின் அடக்கவிலை 0.59. உச்ச நேரத்தில் பயன்படுத்தினால் முதலாவதில் யூனிட்டுக்கு 1.32-ம், இரண்டாவதில் 1.91-ம் மிஞ்சும். துணி துவைப்பதை உச்ச நேரத்திலிருந்து நண்பகலுக்கு மாற்றினாலோ பேட்டரியைத் தொடாமலேயே 2.0 (2.5 − 0.5) மிஞ்சுகிறது. எனவே வாஷிங் மெஷின், தண்ணீர் மோட்டார், வாட்டர் ஹீட்டர், மின்வாகன சார்ஜிங் ஆகியவற்றை வெயில் நேரத்துக்கு நகர்த்துவதே முதல் வேலை. நகர்த்த முடியாததற்கே பேட்டரி. பலர் இந்த வரிசையைத் தலைகீழாகச் செய்து, தேவைக்கு மீறிய பெரிய பேட்டரியை வாங்கிவிடுகிறார்கள்.

தேய்மானத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும், ஆனால் அளவோடு. பத்து யூனிட் கொள்ளளவுள்ள லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியில் தினமும் 9 யூனிட் எடுத்து, அது 6,000 சுழற்சி (ஒருமுறை நிரப்பிக் காலிசெய்வது ஒரு சுழற்சி) தாங்கும் என்று கொண்டால், வாழ்நாளில் 54,000 யூனிட் கிடைக்கும். கொள்ளளவு படிப்படியாகக் குறைவதால் 45,000 என்று வைத்துக்கொள்ளலாம். வாங்கிய விலையை அதனால் வகுத்தால் யூனிட்டுக்கான தேய்மானம் தெரியும். ஆனால் நாளுக்கு ஒரு சுழற்சி வீதம் 6,000 சுழற்சிகளைத் தீர்க்க 16 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். பேட்டரியோ சும்மா இருந்தாலும் முதுமையடையும். ஆகவே தினசரி ஒரு சுழற்சிக்குக் கஞ்சத்தனம் வேண்டாம். ஒரே நாளில் இரண்டாவது முறை நிரப்பிக் காலிசெய்ய நினைக்கும்போது மட்டும் இந்தக் கணக்கைப் பார்த்தால் போதும்.

இனி அமைப்புக்கு வருவோம். உச்ச நேரம் மாலை 6 முதல் இரவு 10 வரை என்று கொள்வோம். இன்வெர்ட்டரின் செயலியில் விலையைப் பாராமல் தேவைப்பட்ட உடனே பேட்டரியிலிருந்து எடுக்கும் 'சுயபயன்பாடு' என்ற முறையை விட்டுவிட்டு நேரவாரி முறையைத் தேர்ந்தெடுங்கள். பகலில் சோலார் முதலில் வீட்டுக்கும், அடுத்து பேட்டரிக்கும், எஞ்சியது வெளியேயும் செல்லட்டும். பிற்பகல் 3 மணியிலிருந்து 6 வரை பேட்டரியிலிருந்து எடுப்பதைத் தடை செய்யுங்கள். அந்த நேரத்தில் மேகம் வந்தால் கம்பியிலிருந்து சாதாரண விலையில் வாங்குவதே நல்லது. ஆறு மணிக்குத் தடையை நீக்கி, 10 விழுக்காடு இருப்பு வரை இறங்க அனுமதியுங்கள். பத்து மணிக்குப் பிறகும் மிச்சம் இருந்து, மறுநாள் வெயில் நிச்சயம் என்றால், அதை இரவுப் பயன்பாட்டுக்கு விட்டுவிடலாம். மறுநாள் சோலாருக்கு உள்ளே இடம் வேண்டுமல்லவா? காலையிலும் ஓர் உச்ச நேரம் உண்டென்றால், அதற்கானதைப் பிடித்து வையுங்கள்.

கம்பியிலிருந்து இரவில் நிரப்புவதில்தான் அதிகத் தவறு நேர்கிறது. இரவிலேயே 100 விழுக்காடு நிரப்பிவிட்டால், மறுநாள் வீட்டுத் தேவை போக மிஞ்சும் சோலார் மின்சாரம் முழுவதும் குறைந்த விலைக்கு வெளியே போய்விடும். நாளை வீட்டுத் தேவை போக 6 யூனிட் மிச்சம் வரும் என்று வானிலை முன்னறிவிப்பைக் கொண்டு மதிப்பிட்டால், பத்து யூனிட் பேட்டரியில் அந்த 6 யூனிட்டுக்கு இடம் விட்டு, 40 விழுக்காடு வரை மட்டுமே இரவில் நிரப்புங்கள். அடைமழை நாளுக்கு முந்தைய இரவு இந்த வரம்பை உயர்த்தலாம். உறைநிலைக்குக் கீழான குளிரில் லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியைச் சார்ஜ் செய்வது அதைப் பழுதாக்கும் என்பதால், குளிர் மிகுந்த இடங்களில் பேட்டரியை வீட்டுக்குள் வைப்பது அவசியம்.

கொள்ளளவைப் போலவே, ஒரே சமயத்தில் எவ்வளவு தர முடியும் என்பதும் முக்கியம். ஐந்து கிலோவாட் இன்வெர்ட்டர் உள்ள வீட்டில் ஏசி, இண்டக்‌ஷன் அடுப்பு, ஹீட்டர் மூன்றும் சேர்ந்து ஏழு கிலோவாட் இழுத்தால், பேட்டரி நிறைந்திருந்தாலும் மேலதிக இரண்டு கிலோவாட் உச்ச விலையில்தான் வரும்.

மின்தடையைப் பற்றி ஒரே ஒரு சொல்: கம்பியில் மின்சாரம் நின்றதும் சாதாரண சோலார் இன்வெர்ட்டரும் பாதுகாப்புக் கருதித் தானே நின்றுவிடும். தடையின்போதும் இயங்க வேண்டுமானால் அதற்கான மாற்று இணைப்பு உள்ளதா என்று நிறுவும்போதே கேட்டுவிடுங்கள்.

ஒரு வாரம் கழித்து, ஸ்மார்ட் மீட்டரின் அரைமணி நேரப் பதிவுகளை எடுத்துப் பாருங்கள். உச்ச நேரத்தில் வாங்கிய அளவு ஏறத்தாழ பூஜ்யமாக இருக்க வேண்டும். அப்படி இல்லாவிட்டால், பேட்டரியின் மேல் பழி போடுமுன் இன்வெர்ட்டரின் கடிகாரத்தைச் சரிபாருங்கள். ஒரு மணி நேரம் பிசகியிருந்தாலே அத்தனை திட்டமும் வீணாகும். அதுவும் சரி என்றால், மின்சாரம் உள்ளே வருகிறதா வெளியே போகிறதா என்று இன்வெர்ட்டருக்குச் சொல்ல மீட்டர் அருகே மாட்டிய மின்னோட்ட உணரி திசைமாறி இருக்கிறதா என்று மின்பணியாளரைக் கொண்டு பார்க்கச் சொல்லுங்கள். திசை மாறியிருந்தால், நாம் வாங்கும் மின்சாரத்தை விற்பதாக இன்வெர்ட்டர் தவறாகப் புரிந்துகொண்டு, தேவைப்படும் நேரத்தில் பேட்டரியைத் திறக்காது. பகல் குறுகும் மாதங்களில் சோலார் மிச்சமும் குறையும் என்பதால், இரவு நிரப்பும் வரம்பைப் பருவம் மாறும்போதெல்லாம் இதே பதிவுகளைப் பார்த்துத் திருத்தி அமையுங்கள்.